பெயரை அழித்தால் போதுமா? நோயாளர் தரவை ஆய்வுக்கு எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியவை

யாழ்ப்பாணத்தில் புது ஆளொருவரைக் கண்டால் முதலில் வரும் கேள்வி, "எந்த ஊர், ஆற்றை பிள்ளை?" விடை வந்ததும் ஆள் யாரென்று விளங்கிவிடும். பெயரைக் கேட்பதெல்லாம் பிறகுதான். நோயாளர் தரவை வைத்து ஆய்வு செய்ய வரும் மருத்துவ மாணவர்களும் பட்டப்பின் படிப்பு வைத்தியர்களும் இந்த ஒன்றைத்தான் மறந்துபோகிறார்கள். எக்செல் கோப்பில் பெயர் நிரலை அழித்துவிட்டு, முன்மொழிவில் "தரவு அநாமதேயமாக்கப்படும்" என்று எழுதிவிடுகிறார்கள். கோப்பில் மிஞ்சியிருப்பது இப்படி: நெடுந்தீவு, பெண், 34 வயது, இரண்டாவது கர்ப்பம், டயாலிசிஸ். தீவுக்குப் போகும் படகில் இந்த வரியை வாசித்தால், இறங்குதுறை வருமுன் ஆள் யாரென்று சொல்லிவிடுவார்கள்.

பெரிய நாடுகளிலும் இதே கதைதான். அமெரிக்காவில் லதன்யா சுவீனி என்ற கணினி விஞ்ஞானி, 1990 குடிசன மதிப்பீட்டை வைத்துக் கணக்கிட்டு 2000 இல் வெளியிட்ட முடிவின்படி, அஞ்சல் குறியீடு, பால், முழுப் பிறந்த திகதி ஆகிய மூன்றும் சேர்ந்தால் அந்நாட்டவரில் 87 சதவீதமானவர்களைத் தனித்துப் பிரித்துவிடலாம். அங்கே ஓர் அஞ்சல் குறியீட்டுக்குள் பல ஆயிரம் பேர் இருப்பார்கள். யாழ் மாவட்டத்தில் கிராம அலுவலர் பிரிவுகள் 435. ஏறக்குறைய ஆறு இலட்சம் சனத்தை அதற்குள் பங்கிட்டால் ஒரு பிரிவுக்கு ஆயிரத்து நானூறு பேர்கூட வராது. ஆகவே கிராம அலுவலர் பிரிவை ஆய்வுக் கோப்பில் வைக்கவே கூடாது. சுகாதார வைத்திய அதிகாரி பிரிவு போதும். தீவுகளைத் தனித்தனியே காட்டாமல் "தீவகம்" என்று சேர்த்துவிடலாம். பிறந்த திகதிக்குப் பதில் ஐந்து வருட வயதுக் கூறு, 80 க்கு மேல் எல்லோரும் ஒரே கூறு.

அனுமதி எடுக்கமுன்

முன்மொழிவு எழுதமுன் மாறிகளின், அதாவது ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் திரட்டப்போகும் விபரங்களின், பட்டியலை எழுதுங்கள். ஒவ்வொரு மாறிக்கும் பக்கத்தில், அது ஆய்வின் எந்தக் கேள்விக்கு வேண்டும் என்று ஒரு வரி. "எதுக்கும் இருக்கட்டும்" என்று சேர்த்த நிரல்கள் அப்போதே கண்ணுக்குப் பட்டுவிடும். சாதி, சமயம், தொலைபேசி இலக்கம் பெரும்பாலும் அந்த வகைதான்.

அறநெறி அனுமதி வேறு, நிருவாக அனுமதி வேறு. யாழ் பல்கலைக்கழக மருத்துவ பீடத்து அறநெறி மீளாய்வுக் குழுவின் கடிதம் கையில் இருந்தாலும் வைத்தியசாலையின் பதிவேட்டறை அதனால் திறக்காது. அதற்குப் பணிப்பாளரின் எழுத்து அனுமதி வேண்டும், விடுதிக்குப் பொறுப்பான விசேட வைத்திய நிபுணரின் சம்மதமும் வேண்டும். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில் உள்ள தரவென்றால் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரிடம் போக வேண்டும். இரண்டையும் ஒரே கடிதமென்று நினைப்பவர்கள் தரவு திரட்டும் மாதங்களை வாசலிலேயே கழிப்பார்கள்.

பழைய பதிவுகளை மட்டும் பார்க்கும் ஆய்வுக்கு ஒவ்வொரு நோயாளியிடமும் சம்மதம் வாங்குவதிலிருந்து விலக்குக் கேட்கலாம். ஆனால் அது தானாகக் கிடைப்பதில்லை. சர்வதேச மருத்துவ விஞ்ஞான அமைப்புகளின் பேரவையான சியோம்ஸ் 2016 இல் வெளியிட்ட ஆய்வு அறநெறி வழிகாட்டி மூன்று நிபந்தனைகளைச் சொல்கிறது: விலக்கு இல்லாமல் ஆய்வு நடைமுறைக்கு ஒத்துவராது, ஆய்வுக்குச் சமூகப் பெறுமதி உண்டு, ஆபத்து மிகக் குறைந்த அளவைத் தாண்டாது. மூன்றுக்கும் உங்கள் ஆய்வை வைத்தே விடை எழுதுங்கள். "நேரமில்லை" என்பது முதலாவதற்கு விடையாகாது. சட்டப் பக்கமாகப் பார்த்தால், 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தரவை விசேட வகையில் வைத்திருக்கிறது.

சம்மதம் வாங்குவதென்றால், சிகிச்சை தரும் வைத்தியரே கேட்கக்கூடாது. "டொக்டர் கேட்டால் மாட்டன் எண்டு சொல்லேலுமோ" என்பதுதான் கிளினிக் வாங்கில் இருப்பவரின் மனநிலை. இந்த ஆய்வுக்கு மட்டும் பாவிப்பது, பிற்கால ஆய்வுக்குச் சேமிப்பது, வேறு பதிவுகளோடு இணைப்பது ஆகிய மூன்றுக்கும் தனித்தனிப் பெட்டி வையுங்கள். படிவத்தை வாசித்துக் காட்டிய பிறகு, விளங்கியதை அவரது வாயாலேயே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்தார். அதே மண்ணில் இன்றைய தகவல் தாள் ஆங்கிலத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து ஒருவருக்கும் விளங்காமல் கிடப்பது நமக்கு அழகல்ல.

எந்தப் பதிவில் என்ன இருக்கிறது

ஐஎம்எம்ஆர் எனப்படும் உள்நோயாளர் அறிக்கை எண்ணுவது ஆட்களை அல்ல, விடுகைகளை, அதாவது விடுதியை விட்டு வெளியேறும் தடவைகளை. ஒரே ஆஸ்துமா நோயாளி வருடத்தில் மூன்று முறை படுத்தால் அங்கே மூன்று. பருத்தித்துறை ஆதார வைத்தியசாலையிலிருந்து யாழ் போதனா வைத்தியசாலைக்கு மாற்றப்பட்டவர் இரண்டு இடத்துக் கணக்கிலும் வருவார். இந்த எண்ணை மக்கள்தொகையால் வகுத்து "நோய்ப் பரவல்" என்று எழுதினால் ஆய்வு அந்த இடத்திலேயே படுத்துவிடும். தனியார் வைத்தியசாலைகளும் வெளிநோயாளர் பிரிவும் அதில் இல்லை.

எச் 544 படிவத்தில் வரும் தொற்றுநோய் அறிவித்தல் பெரும்பாலும் சந்தேகத்தின் பேரில் போடப்படுவது. மாரிகாலத்தில் டெங்கு என்று அறிவிக்கப்பட்ட காய்ச்சல், ஆய்வுகூட முடிவில் எலிக்காய்ச்சலாக மாறலாம். அறிவித்த நோய், உறுதிப்பட்ட நோய் என இரண்டு நிரல் வையுங்கள்.

நீரிழிவு, இரத்த அழுத்தம் போன்றவற்றின் தொடர் பதிவு இருப்பது கிளினிக் கொப்பியில். அந்தக் கொப்பி பதிவேட்டறையில் இல்லை, நோயாளியின் பையில் இருக்கிறது. அதைப் பார்க்க அவரிடமே கேட்க வேண்டும். ஆகவே "பழைய பதிவுகளை மட்டும் பார்க்கும் ஆய்வு" என்று அறநெறிக் குழுவிடம் சொல்லி விலக்கு வாங்கிவிட்டு, கிளினிக் வாசலில் நின்று கொப்பி புரட்டுவது அனுமதி மீறல்.

அடையாள அட்டை இலக்கம் என்ற பொறி

பெயர்தான் அந்தரங்கம், இலக்கம் வெறும் இலக்கம் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். பழைய அட்டையில் 73561 என்று தொடங்கும் இலக்கத்தை எடுப்போம். 73 என்பது 1973. அடுத்த மூன்று இலக்கம் வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணென்றால் அதோடு 500 கூட்டியிருப்பார்கள். 561 இலிருந்து 500 போக 61. பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்று வைத்தே எண்ணுவதால் 61 ஆவது நாள் மார்ச் 1. பெண், 1973 மார்ச் 1. ஐந்து இலக்கத்தில் பாலும் பிறந்த திகதியும் வந்துவிட்டன. (எக்செல்லின் திகதிச் சூத்திரத்தைப் பாவித்தால் மார்ச் 2 என்று வரும். 1973 லீப் வருடம் அல்ல. லீப் அல்லாத வருடங்களில் பெப்ரவரிக்குப் பிறகு பிறந்த எல்லோருக்கும் இந்த ஒரு நாள் பிழை விழும்.)

ஒரே ஆளிடம் பழைய இலக்கமும் புதிய இலக்கமும் இருக்கலாம். இணைக்கும் முறை இது: பழைய ஒன்பது இலக்கத்தின் முன்னே 19 சேர்த்து, பழையதின் ஐந்தாம் இலக்கத்துக்குப் பின் ஒரு 0 புகுத்தி, கடைசி எழுத்தை எடுத்துவிட்டால் பன்னிரண்டு இலக்கம் வரும். இதைச் செய்யாமல் இரண்டு வருடக் கோப்புகளை ஒப்பிட்டால் ஒரே நோயாளி இரண்டு பேராவார்.

அந்தப் பன்னிரண்டு இலக்கத்தை எக்செல்லில் சாதாரணமாக அடித்தால் 1.97356ஈ+11 என்று சுருங்கித் தெரியும். அப்படியே சிஎஸ்வி கோப்பாகச் சேமித்தால் சுருங்கியதுதான் மிஞ்சும், பின்பாதி இலக்கங்கள் போய்விடும். தட்டச்சைத் தொடங்கமுன் அந்த நிரலை "உரை" என்று மாற்றிவிடுங்கள். எக்செல் பெரிய இடங்களையும் விட்டுவைத்ததில்லை. 2020 இல் இங்கிலாந்தில் 15,841 கொவிட் தொற்றாளர்கள் நாளாந்தக் கணக்கிலிருந்து விடுபட்டதற்குக் காரணம், 65,536 வரிக்கு மேல் கொள்ளாத பழைய எக்செல் வடிவம். முடிந்தால் ரெட்கெப், எபி இன்ஃபோ போன்ற ஆய்வுத் தரவு மென்பொருள்களைப் பாவியுங்கள்.

கணினி தெரிந்த சிலர், அடையாள அட்டை இலக்கத்தை ஹாஷ் செய்து (திருப்பிப் படிக்க முடியாத குறியீடாக மாற்றி) வைத்தால் பாதுகாப்பு என்பார்கள். எண்ணிப் பாருங்கள்: நூறு வருடம், 732 நாட்குறி (ஆணுக்கு 366, பெண்ணுக்கு 366), கடைசி ஐந்து இலக்கத்துக்கு ஒரு இலட்சம் சேர்க்கை. பெருக்கினால் 732 கோடி. எல்லாவற்றையும் ஹாஷ் செய்து ஒப்பிட ஒரு மடிக்கணினிக்குச் சில மணித்தியாலம் போதும். ஆகவே ஆய்வு இலக்கம் எழுந்தமானமாகக் கொடுக்கப்பட வேண்டும். நோயாளிகள் விடுதியில் அனுமதிக்கப்பட்ட வரிசைப்படி 1, 2, 3 என்றும் கொடுக்கக்கூடாது, விடுதிப் பதிவேட்டை வைத்து எண்ணிப் பிடித்துவிடலாம். ஆய்வு இலக்கத்தையும் உண்மை அடையாளத்தையும் இணைக்கும் கோப்பு வேறொரு கணினியில், கடவுச்சொல்லோடு, வேறொருவர் பொறுப்பில் இருக்கட்டும்.

பெயர்களை வைத்து இணைக்கும்போது

அட்டை இலக்கம் இல்லாத இடங்களில் பெயரைத்தான் நம்ப வேண்டியிருக்கும். பதிவுகள் ஆங்கிலத்தில். கஜேந்திரன் ஓரிடத்தில் "ஜி" யில் தொடங்குவார், இன்னோரிடத்தில் "கே" யில். தர்சினிக்கு "டி" யும் உண்டு, "ரி-எச்" உம் உண்டு. ஒலியை வைத்துப் பெயர்களைப் பொருத்தும் சவுண்டெக்ஸ் முறை முதலெழுத்தை அப்படியே வைத்துக்கொள்வதால், கஜேந்திரன் ஒருவரே ஜி253, கே253 என்று இரண்டு குறியீடாகப் பிரிவார். முதலில் ஜி-கே, டி-ரி, எஸ்-சி-எச் என்பவற்றை ஒன்றாக்கிவிட்டுப் பொருத்துங்கள். பெயருக்கு முன்னால் போடும் இனிஷலும் ஏமாற்றும்: கலியாணத்துக்கு முன் தகப்பனின் எழுத்து, பின் கணவனின் எழுத்து. மகப்பேற்று ஆய்வுகளில் இது தொடர்ந்து நடக்கும்.

அலகுகளைப் பற்றி ஒரு வார்த்தை. சாப்பிடமுன் எடுத்த சீனி அளவை ஓர் ஆய்வுகூடம் 7.0 என்று தரும், இன்னொன்று 126 என்று தரும். இரண்டும் ஒன்றுதான், மில்லிமோலை 18 ஆல் பெருக்கினால் மில்லிகிராம். கிரியற்றினினில் மில்லிகிராமை 88.4 ஆல் பெருக்கினால் மைக்ரோமோல். விடுதியில் நின்றபடி மனக்கணக்கில் மாற்றாதீர்கள். பெறுமானம் ஒரு நிரலில், அலகு பக்கத்து நிரலில், மாற்றம் பிறகு கணினியில். விடுபட்ட பெறுமானத்துக்கு 0 போடவும் வேண்டாம்.

போன்

தரவு கசிவதென்றால் பெரும்பாலும் இதனால்தான். பி.எச்.ரி எனப்படும் விடுதி நோயாளர் பதிவின் பக்கத்தைப் போனில் படமெடுத்து, இரவு வீட்டில் வைத்துத் தட்டச்சு செய்வது வசதி. படம் தானாகவே கூகுள் சேமிப்புக்கு ஏறும், வீட்டுப் பிள்ளைகள் பார்க்கும் டப்லெட்டிலும் இறங்கும். வட்ஸ்அப் குழுவில் போட்டால் குழுவிலுள்ள ஒவ்வொருவர் போனிலும் ஒரு பிரதி. பதிவேட்டறையிலேயே இருந்து, ஆய்வு இலக்கம் மட்டும் உள்ள படிவத்தில் எழுதுங்கள். ஸ்கான் படங்களில் பெயர் படத்துக்குள்ளேயே எரிந்திருக்கும், அந்தப் படங்கள் சேமிக்கப்படும் டைகொம் கோப்பின் தலைப்பிலும் இருக்கும். பீடிஎஃப்பில் கறுப்புப் பட்டை போட்டாலும் கீழே உள்ள எழுத்தைப் பிரதி எடுக்கலாம். எக்செல்லில் மறைத்த நிரல் அழிந்த நிரல் அல்ல.

முடிவை வெளியிடும்போது ஐந்துக்குக் குறைந்த எண்ணிக்கையைக் காட்டாதீர்கள். அட்டவணையில் ஒரு கட்டத்தை மட்டும் மறைத்துக் கூட்டுத்தொகையை விட்டால், கழித்துப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். இரண்டாவது கட்டத்தையும் மறைக்க வேண்டும். விடுதியில் அனுமதிக்கப்பட்ட திகதிக்குப் பதில் தொற்றுநோயியல் வார எண் (வருடத்தின் எத்தனையாவது வாரம் என்பது) போதும். திகதிகளை எழுந்தமானமாக நகர்த்தும் முறை பருவகாலத்தைப் பார்க்காத ஆய்வுகளுக்குச் சரி. டெங்குக்குச் சரிவராது, மாரியும் கோடையும் கலந்துவிடும்.

அழிப்பது

ஆய்வு முடிந்ததும் மிஞ்சும் கடதாசிகள் பழைய பேப்பர் வாங்குபவரிடம் போனால், நல்லூர்த் திருவிழாவில் கச்சான் சரையாகத் திரும்பி வரும். சரையை விரித்து வாசிக்காதவர் யார்? நீள நீளமாகக் கீறும் இயந்திரம் போதாது, குறுக்காகவும் வெட்டுவது வேண்டும். யுஎஸ்பியில் அழித்த கோப்பை மீட்கலாம். ஆகவே முதல் நாளிலிருந்தே முழு யுஎஸ்பியையும் மறைகுறியாக்கி வைத்திருந்தால், கடைசியில் கடவுச்சொல்லின் எல்லாப் பிரதிகளையும் அழித்தாலே உள்ளே இருப்பது படிக்க முடியாமற் போகும். எவ்வளவு காலம் வைத்திருப்பதாக முன்மொழிவில் எழுதினீர்களோ அந்தத் திகதியைக் கலண்டரில் குறியுங்கள். அன்றைக்கு அழித்தவர் யார், பார்த்து நின்றவர் யார், எத்தனை பிரதி என்று ஆய்வுக் கோப்பில் எழுதி இருவரும் ஒப்பமிட வேண்டும்.