வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரச் சிறுநீரகம்

நீலகிரியின் அருவங்காட்டில் எங்கள் பெரியப்பா வீட்டுச் சமையலறையில் உருளைக்கிழங்குக்கு மட்டும் தனிச் சட்டம். தோல் சீவி, சின்னச் சின்னத் துண்டுகளாக நறுக்கி, பெரிய பாத்திரம் நிறையத் தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டுவார் பெரியம்மா. மறுபடி புதுத் தண்ணீர், மறுபடி கொதி, மறுபடி கொட்டல். அதன் பிறகுதான் தாளிப்பு. "சத்தெல்லாம் போயிடுமே பெரியம்மா" என்றேன் ஒருமுறை. "போகட்டும்னுதான் கண்ணு கொட்டறேன். உங்க பெரியப்பாவுக்கு அந்தச் சத்துதான் ஆகாது" என்றார்.

அவர் சொன்ன சத்து பொட்டாசியம். நூறு கிராம் கிழங்கில் சுமார் 400 மில்லிகிராம் இருக்கிறது. சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. மிச்சம் சிறுநீரோடு போய்விடும். சிறுநீரகம் நின்றுபோனவருக்குப் போக வழி கிடையாது. ரத்தத்தில் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்க வேண்டிய பொட்டாசியம் 6.5-ஐத் தாண்டினால் இதயத்துடிப்பு தாறுமாறாகும், நின்றும் போகலாம். நீலகிரியில் உருளைக்கிழங்கைத் தவிர்த்து வாழ்வதா? அதனால்தான் இரண்டு தண்ணீர்.

சிறுநீரகம் நின்றுபோன பெரியப்பாவின் ரத்தத்தை இயந்திரம் சுத்தம் செய்கிறது, அதுதான் டயாலிசிஸ். பெரியம்மா செய்வதும் கிட்டத்தட்ட அதேதான். வெறுமனே ஊறப்போட்டால் பெரிதாக ஒன்றும் வெளியேறாது. பச்சைக் கிழங்கின் செல்கள் உயிரோடு இருப்பவை. பொட்டாசியத்தை விடாமல் உள்ளே பிடித்து வைத்திருக்கும். கொதிநீரில் செல்சவ்வு சிதைந்த பிறகுதான் அது தண்ணீரில் இறங்குகிறது. துண்டுகளாக்கி வேகவைத்தால் ஏறக்குறைய பாதி போகும், துருவி வேகவைத்தால் இன்னும் அதிகம். கிழங்கு அதேதான், தண்ணீரைத் தொடும் பரப்புதான் கூடியிருக்கிறது. உள்ளேயும் வெளியேயும் அடர்த்தி சமமானதும் நகர்வு நின்றுவிடும். அதனால்தான் புதுத் தண்ணீர். (ஊட்டி உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால் நம் ஊர்க் கிழங்குக்கு அடுப்பில் கொஞ்சம் கூடுதல் நேரம் வேண்டும்.)

இந்த நகர்வை ஒரு சவ்வின் வழியாக நடத்திப் பார்த்து, அதற்கு டயாலிசிஸ் என்று பெயர் வைத்தவர் ஸ்காட்லாந்து வேதியியலாளர் தாமஸ் கிரஹாம். 1861-ல் அவர் எழுதிய ஆய்வுக்கட்டுரையில், உப்பு, யூரியா போன்ற சிறு மூலக்கூறுகள் காகிதத்தோல் சவ்வைத் தாண்டிப் போவதையும், பசை போன்ற பெரியவை தங்கிவிடுவதையும் காட்டினார். மனிதர்களுக்கு இது பயன்பட இன்னும் முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆனது. இரண்டாம் உலகப் போரின் நடுவே, ஜெர்மானியர் பிடித்திருந்த நெதர்லாந்தின் காம்பென் ஊரில், வில்லெம் கோல்ஃப் என்ற மருத்துவர் தொத்திறைச்சி அடைக்கும் செலோஃபேன் உறையை ஒரு மரச்சட்ட உருளையில் சுற்றி, அதனுள் ரத்தத்தை ஓடவிட்டு, உருளையை உப்புநீர்த் தொட்டியில் சுழற்றினார். 1943-ல் தொடங்கினார். முதல் பதினைந்து நோயாளிகள் வரை பெரும்பாலும் பிழைக்கவில்லை. 1945-ல்தான் 67 வயதுப் பெண்மணி ஒருவர் மயக்கத்திலிருந்து கண் விழித்தார்.

சரி, அந்தச் சவ்வு எதற்கு மாற்றாக வந்தது? ஒவ்வொரு சிறுநீரகமும் கைமுட்டி அளவுதான், 150 கிராம் இருந்தால் அதிகம். ஆனால் இதயம் தள்ளும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு இந்த இரண்டுக்கும் போகிறது. ஒவ்வொன்றிலும் சுமார் பத்து லட்சம் நெஃப்ரான்கள், அதாவது நுண்வடிகட்டிகள். ஒரு நாளில் 180 லிட்டர் வடிக்கின்றன. அதில் ஒன்றரை லிட்டரைச் சிறுநீராக விட்டுவிட்டு மீதியைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன. முதலில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் வெளியே கொட்டி, பிறகு வேண்டியதை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொள்ளும் இந்த முறை வீண்வேலை போலத் தோன்றும். உடலுக்குத் தெரியாத புது நஞ்சு வந்தாலும் பெரும்பாலும் தானாகப் போய்விடும் என்பதுதான் இதன் அழகு.

சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இந்த நெஃப்ரான்களை ஆண்டுக்கணக்கில் ஓசையில்லாமல் தின்னும். மிச்சம் இருப்பவை கூடுதலாக உழைத்துச் சமாளிப்பதால், பாதி போகும்வரை உடம்பு ஒன்றும் சொல்லாது. நீலகிரியில் இன்னொரு காரணமும் உண்டு, சிவப்பணுக்களை வளைத்துவிடும் பரம்பரை நோயான அரிவாள் செல் நோய். இந்தியாவில் அந்த மரபணு முதன்முதலில் பதிவானது 1952-ல், நம் மலையின் பழங்குடி மக்களிடம்தான். சிறுநீரகத்தின் உட்பகுதி உப்பு மிகுந்தது, ஆக்சிஜன் குறைந்தது. சிவப்பணு அரிவாளாக வளைவதற்கு அதைவிடத் தோதான இடம் உடம்பில் வேறில்லை. வளைந்த அணுக்கள் நுண்குழாய்களை அடைக்க, சிறுநீரகம் சிறுகச் சிறுகக் கெடுகிறது. வடிகட்டும் வேகம் நிமிடத்துக்கு 15 மில்லிலிட்டருக்குக் கீழே போனால், டயாலிசிஸா மாற்றுச் சிறுநீரகமா என்ற பேச்சு வந்துவிடும்.

பெரியப்பாவின் படுக்கைக்குப் பக்கத்தில் தொங்கும் டயாலைசர் ஒரு முழ நீளம்கூட இல்லாத பிளாஸ்டிக் குழாய். உள்ளே தலைமுடி போன்ற பத்தாயிரம் உள்ளீடற்ற இழைகள். எல்லாவற்றையும் பிரித்து விரித்தால் ஒன்றரை, இரண்டு சதுர மீட்டர். துருவிய கிழங்கின் கணக்குதான் இதுவும். இழைகளுக்குள் ரத்தம் ஒரு திசையில் போகிறது. வெளியே டயாலிசிஸ் திரவம் எதிர்த்திசையில் வருகிறது. எதிர்த்திசை என்பதால் கொஞ்சம் சுத்தமான ரத்தம் எப்போதும் இன்னும் சுத்தமான திரவத்தைச் சந்திக்கும். நகர்வு கடைசிவரை நிற்காது. யூரியா, கிரியேட்டினின் போன்ற கழிவுகள் துளை வழியே போய்விடும். ரத்த அணுக்களும் அல்புமின் புரதமும் பெரியவை, போக முடியாது. திரவத்தில் பொட்டாசியத்தை லிட்டருக்கு 2 மில்லிமோல் அளவில் வேண்டுமென்றே வைத்திருப்பார்கள். அதனால் ரத்தத்தில் உள்ளது அதற்குக் கீழே ஒருபோதும் போகாது. பைகார்பனேட்டோ ரத்தத்தைவிடத் திரவத்தில் அதிகம். அது தலைகீழாக உள்ளே வந்து ரத்தத்தின் புளிப்பைக் குறைக்கிறது.

கூடுதல் நீரை எடுப்பது வேறு வேலை. டீக்கடை மாஸ்டர் தூளில் வெந்நீர் ஊற்றினால் சாயம் தானாக இறங்குகிறது, அது பரவல். பிறகு துணி வடிகட்டியைப் பிழிகிறாரே, அது அழுத்தம். இயந்திரம் இந்த இரண்டாவது வேலையாக, சவ்வின் ஒருபக்கம் அழுத்தத்தைக் குறைத்து, நான்கு மணி நேரத்தில் இரண்டு மூன்று லிட்டர் நீரைப் பிழிந்தெடுக்கிறது. குளிர் ஊரில் இது சங்கடமான சமாச்சாரம். வியர்வையே இல்லை, ஆனால் குளிருக்கு இதமாக டீ மேல் டீ. ஒரு லிட்டர் தங்கினால் எடைமெஷினில் ஒரு கிலோ. பெரியப்பா இப்போது சின்ன டம்ளருக்கு மாறிவிட்டார்; அதையும் பாதிதான் குடிப்பார், மீதியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

நிமிடத்துக்கு 500 மில்லிலிட்டர் திரவம், நான்கு மணி நேரம். ஆக ஒரு தடவைக்கு 120 லிட்டர் தண்ணீர் ஒரு மெல்லிய சவ்வுக்கு அப்பால் ரத்தத்தை உரசிப் போகிறது. நாம் வாரம் முழுக்கக் குடிப்பது 15 லிட்டர்கூட இருக்காது. குடிநீரில் பரவாயில்லை என்று விடுகிற அலுமினியம்கூட இங்கே எலும்பையும் மூளையையும் கெடுக்கும். அதனால் ஆர்.ஓ. ஆலை இல்லாமல் டயாலிசிஸ் இல்லை. நீர் குளிரக் குளிர ஆர்.ஓ. சவ்வு தண்ணீர் விடுவதைக் குறைத்துக்கொள்ளும், டிகிரிக்கு ஏறக்குறைய 3 சதவீதம். புல்லில் உறைபனி படியும் ஜனவரி விடியற்காலையில் ஊட்டிக் குழாய்த் தண்ணீர் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வந்த தண்ணீரை உடல்வெப்பத்துக்குச் சூடாக்கவும் வேண்டும். பெரியப்பா கம்பளியும் மங்கி குல்லாவும் இல்லாமல் போவதே இல்லை.

நிமிடத்துக்கு 250, 300 மில்லிலிட்டர் ரத்தத்தைச் சாதாரண சிரையிலிருந்து எடுக்க முடியாது. மணிக்கட்டில் தமனியைச் சிரையோடு தைத்துவிடுவார்கள்; ஃபிஸ்டுலா என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். தமனியின் வேகம் பாய்ந்து சில வாரங்களில் சிரை தடித்துப் புடைத்துவிடும். 1966-ல் நியூயார்க் மருத்துவர்கள் சொன்ன இந்த எளிய தையல் இல்லாவிட்டால் ஆண்டுக்கணக்கில் டயாலிசிஸ் செய்வது பெரும்பாடாகியிருக்கும். தொட்டுப் பார்த்தால் பூனை உறுமுவதுபோல் அதிரும். அந்தக் கையில் பி.பி. பார்க்கக் கூடாது, விறகுக்கட்டோ தேயிலை மூட்டையோ தூக்கக் கூடாது.

இத்தனை ஏற்பாடும் வாரத்துக்கு மூன்று முறை, நான்கு நான்கு மணி நேரம். 168 மணி நேர வேலையை 12 மணி நேரத்தில் முடிக்கப் பார்க்கிறோம். மற்ற நேரமெல்லாம் கழிவும் நீரும் ஏறிக்கொண்டே இருக்கும். செவ்வாய், வியாழன், சனி என்று வைத்தால் சனிக்கும் செவ்வாய்க்கும் நடுவே வரும் நீண்ட இடைவெளிதான் இதயத்துக்கு ஆபத்தானது. ஆரம்பத்தில் பெரியப்பா கோவைக்கு இறங்கித்தான் டயாலிசிஸ் எடுத்தார்; இப்போது மலையிலேயே. ஒரு நவம்பர் மழையில் பர்லியார் பக்கம் மண் சரிந்து, சரியாகச் செவ்வாயன்று சாலை அடைபட்டது. கோத்தகிரி வழியாகச் சுற்றி இறங்கினோம். வழியெல்லாம் நான் மண்மேட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன், அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

இப்படிப்பட்ட ஊருக்கு வயிற்று டயாலிசிஸ் நல்ல மாற்று என்பது என் கருத்து. வயிற்றின் உட்சுவரை மூடியிருக்கும் பெரிட்டோனியம் என்ற சவ்வையே வடிகட்டியாக்கிக்கொள்வது. ஒரு மெல்லிய குழாய் வழியே இரண்டு லிட்டர் திரவத்தை உள்ளே விட்டு, சில மணி நேரம் கழித்து வெளியே எடுத்துவிட்டுப் புதியது விடுவது. நாளுக்கு நான்கு முறை. திரவத்தில் உள்ள குளுக்கோஸ் நீரை இழுத்துக்கொள்ளும். சாலையும் வேண்டாம், இயந்திரமும் வேண்டாம். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இந்தப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும் ஏற்பாடும் இருக்கிறது. கையைச் சுத்தமாகக் கழுவாமல் குழாயைத் தொட்டால் வயிற்றில் சீழ்பிடிக்கும். வெளியே வரும் திரவம் கலங்கலாக இருந்தால் அன்றே மருத்துவரிடம் ஓட வேண்டும். மலையில் பையை வெதுவெதுப்பாக்காமல் விட்டால் உள்ளிருந்தே குளிர் எடுக்கும்.

மாற்றுச் சிறுநீரகத்தைப் பழையதன் இடத்தில் வைப்பதில்லை. அடிவயிற்றின் ஓரத்தில், காலுக்குப் போகும் ரத்தக்குழாய்களோடு இணைக்கிறார்கள். பழையவை பெரும்பாலும் அங்கேயே கிடக்கும். தையல் வேலை அல்ல சிக்கல், உடம்பின் காவல்தான், அதாவது நோய் எதிர்ப்பு மண்டலம். 1954-ல் பாஸ்டனில் ஜோசஃப் மர்ரே வெற்றி பெற்றது கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே கரு இரட்டையர் என்பதால். காவலுக்கு அந்நியம் தெரியவில்லை. இந்தியாவில் முதல் வெற்றி 1971-ல், வேலூர் சி.எம்.சி.யில். மற்றவர்களுக்கும் இது வழக்கமான சிகிச்சையானது காவலை அடக்கும் மருந்துகளால். சைக்ளோஸ்போரின், 1969-ல் நார்வேயின் ஹார்டங்கர்விடா பீடபூமியில் விடுமுறைக்குப் போனவர் அள்ளி வந்த மண்ணிலிருந்த பூஞ்சையில் கிடைத்தது. டாக்ரோலிமஸ், 1984-ல் ஜப்பானின் சுகுபா மலையடிவார மண்ணில். இரண்டும் மேட்டுநில மண் என்பது தற்செயல்தான், ஆனாலும் மலைக்காரனுக்கு ஒரு சின்னச் சந்தோஷம். டாக்ரோலிமஸ் சாப்பிடுபவர்கள் பம்ப்ளிமாஸைத் தொடக் கூடாது. ரத்தத்தில் மருந்தின் அளவை அது ஏற்றிவிடும். பழப் பேச்சு வந்ததால் ஒன்று: சாலையோரக் கடையில் கிடைக்கும் நட்சத்திரப் பழம் சிறுநீரகம் கெட்டவர்களுக்கு நஞ்சு. விடாத விக்கலில் தொடங்கி வலிப்பு வரை போகும்.

பெரியப்பா மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புக்கான பட்டியலில் இருக்கிறார். 1994-ல் வந்த சட்டம்தான் மூளைச்சாவை மரணமாக ஏற்று இதற்கு வழிவிட்டது. 2023 முதல் உறுப்பு தந்தவர்களின் இறுதிச்சடங்கு தமிழ்நாட்டில் அரசு மரியாதையோடு நடக்கிறது. பனிக்கட்டிப் பெட்டியில் இதயம் நான்கு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. சிறுநீரகம் ஒரு நாள் வரை பொறுக்கும். அதனால் அழைப்பு வந்தபின் பெரியப்பா அத்தனை கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி இறங்கிப் போக நேரம் இருக்கும். பை ஒன்று எப்போதும் கட்டியே இருக்கிறது.

அவருக்கு இன்னொரு எதிர்பார்ப்பும் உண்டு. ஊட்டி உயரத்தில் காற்றில் ஆக்சிஜன் சமவெளியைவிடக் கால் பங்கு குறைவு. அதை உணர்ந்து எரித்ரோபொயட்டின் என்ற ஹார்மோனைச் சுரந்து, எலும்பு மஜ்ஜையை இன்னும் சிவப்பணு செய்யச் சொல்வது சிறுநீரகம்தான். செல்கள் ஆக்சிஜனை உணரும் விதத்தைக் கண்டறிந்ததற்கு 2019-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். டயாலிசிஸ் இயந்திரத்துக்கு இந்த வேலை தெரியாது. அதனால் பெரியப்பாவுக்கு ஊசியில் அந்த ஹார்மோன் போடுகிறார்கள். அப்படியும் ஹீமோகுளோபின் பத்தைத் தாண்டுவதில்லை, மேட்டுச் சாலையில் பத்தடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்குகிறார். மாற்றிவைத்த சிறுநீரகத்துக்கு நரம்பு இணைப்பு கிடையாது. இந்த உணர்வுக்கு நரம்பு தேவையும் இல்லை, தன் வழியே ஓடும் ரத்தத்தை வைத்தே அது தெரிந்துகொள்ளும். மதுரையிலோ சென்னையிலோ வாழ்ந்த ஒருவரின் சிறுநீரகம் அருவங்காட்டுக்கு ஏறி வந்தால், இங்கே காற்று மெலிது என்று தானே புரிந்துகொண்டு ஹார்மோனைச் சுரக்கத் தொடங்கும். சில பேருக்கு அது அளவு மீறி ரத்தத்தையே கெட்டியாக்கிவிடும்; பி.பி.க்குக் கொடுக்கும் ஒருவகை மாத்திரையைக் கொடுத்துத்தான் அதை அடக்குகிறார்கள்.