பேப்பர் போடும் முன் 1,600 ரூபாய்

பெங்களூரு மத்திகெரேயில் எங்கள் தெருவில் ஆராய்ச்சி மாணவர்கள் நிறையப் பேர் வாடகைக்கு இருக்கிறார்கள். பாதிப் பேர் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். பழைய ஆட்கள் இன்னும் ‘டாடா இன்ஸ்டிடியூட்’ என்றே சொல்லும் இந்திய அறிவியல் கழகம் இங்கிருந்து நடக்கிற தூரம்தான். போன மாதம் தருமபுரிப் பக்கத்துப் பெண் ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு ஜிப் கவர், உள்ளே விரல் நீளத்துக்குக் காகிதப் பட்டைகள். போர்வெல் தண்ணீரில் முக்கி எடுத்தால் ஃப்ளோரைடு அளவுக்குத் தக்கபடி பட்டையின் நிறம் மாறும். செல்போன் கேமரா அந்த நிறத்தைப் படித்து எண்ணாகச் சொல்லும். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயத்தின் உச்ச வரம்பு. தாண்டினால் என்ன ஆகும் என்று தருமபுரியிலும் கோலாரிலும் கறை படிந்த பற்களைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

“அண்ணா, அடுத்த வாரம் இதைப் போஸ்டராக வைக்கிறேன், வந்து பாருங்க” என்றாள்.

“ப்ரொவிஷனல் போட்டாச்சா?” என்று கேட்டேன். காப்புரிமைக்கான தற்காலிக விண்ணப்பத்தைத்தான் சொன்னேன். முழித்தாள்.

சில வருடங்களுக்கு முன்னால் இதே இடத்தில் என் நண்பன் ஒருவன் சறுக்கினான். ஆய்வு முடிவை இணையத்தில் ஏற்றிவிட்டு ஒன்பது மாதம் கழித்துக் காப்புரிமைக்குப் போனான். விண்ணப்பத்தைப் பரிசோதித்த காப்புரிமை அலுவலக அதிகாரி அவனுடைய கட்டுரையையே எடுத்து அவனுக்கு எதிராகக் காட்டினார். நாலு வருட உழைப்பு. ஆய்வுக்கூடத்தில் வருவது ஒரு பொருளாகிக் கடைக்குப் போக வேண்டுமானால் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய விதி இதுதான் என்று அன்றிலிருந்து பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வருகிறேன்.

1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டப்படி, விண்ணப்பம் கொடுக்கும் நாளுக்கு முன் உங்கள் கண்டுபிடிப்பு எங்கேயும் வெளியாகியிருக்கக் கூடாது. வெளியிட்டது நீங்களே என்றாலும் அது வெளியீடுதான். சட்டத்தின் 31ஆம் பிரிவில் 12 மாதச் சலுகை ஒன்று உண்டு. அதை நம்பிக் கெட்டவர்கள் பலர். மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சி, அறிஞர் சங்கம் ஒன்றில் வாசித்த கட்டுரை என்று மிகக் குறுகிய சில சந்தர்ப்பங்களுக்குத்தான் அது பொருந்தும். கல்லூரிக் கண்காட்சி, சாதாரண ஆய்விதழ், யூடியூப், லிங்க்ட்இன் எதுவும் அதில் சேராது. பிஎச்டி ஆய்வேடு, யாரும் படிக்கக்கூடிய இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் ஏறிவிட்டாலும் கதை அதேதான். ஐரோப்பாவில் இந்த அளவு இளக்கமும் கிடையாது.

அதற்காகப் பேப்பரே போடாதே என்று நான் சொல்லவில்லை. முந்தின நாள் ப்ரொவிஷனலைப் போட்டுவிட்டு, மறுநாள் தாராளமாகப் போடுங்கள்.

ப்ரொவிஷனல் என்பது தற்காலிக விண்ணப்பம். முழு ஆவணம் தயாராகியிருக்க வேண்டாம். கண்டுபிடிப்பு என்ன, எப்படி வேலை செய்கிறது என்று தெளிவாக எழுதிக் கொடுத்தால் அந்தத் தேதி உங்கள் பெயரில் பதிவாகிவிடும். எழுதாமல் விட்ட பகுதிக்கு அந்தத் தேதி உதவாது, ஆகவே கஞ்சத்தனம் பார்க்காமல் எழுதுங்கள். படிவம் 1 விண்ணப்பம், படிவம் 2 விவரக்குறிப்பு. தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம், கல்வி நிறுவனம் யாராக இருந்தாலும் இணையவழிக் கட்டணம் 1,600 ரூபாய்தான். பெரிய கம்பெனிக்கு 8,000. கல்வி நிறுவனங்களுக்கு இந்தக் குறைப்பு 2021இல் வந்தது. தனிநபர் தவிர மற்றவர்கள் சலுகைக்காகப் படிவம் 28 சேர்க்க வேண்டும். இன்னொன்று: பெங்களூரில் இருப்பவர்களின் விண்ணப்பம் போகும் இடம் சென்னை கிண்டி. கர்நாடகமும் சென்னை காப்புரிமை அலுவலகத்தின் எல்லைக்குள்தான் வருகிறது.

அப்புறம் 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பு போக வேண்டும். போகாவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். வெளிநாட்டில் விண்ணப்பிக்கும்போதும் இந்த முதல் தேதியே செல்ல வேண்டுமென்றாலும் அதே 12 மாதம்தான். விண்ணப்பத்தைப் பரிசோதிக்கச் சொல்லி அலுவலகத்துக்குக் கொடுக்கும் மனுவுக்கு 2024 மார்ச்சிலிருந்து 31 மாதக் கெடு, முன்பு 48 மாதம் இருந்தது. பெண் விண்ணப்பதாரர்களும் அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்அப்களும் விரைவுப் பரிசோதனை கேட்கலாம். காப்புரிமை கிடைத்தால் அது விண்ணப்பத் தேதியிலிருந்து 20 வருடம் செல்லும்.

யார் பெயரில் போடுவது? உதவித்தொகை வாங்கிக்கொண்டு நிறுவனத்தின் கருவிகளில் செய்த ஆய்வு என்றால் பெரும்பாலும் நிறுவனமே விண்ணப்பதாரர். கண்டுபிடித்தவராக உங்கள் பெயர் இருக்கும். பெரிய நிறுவனங்களில் இதற்கென்று தனி அலுவலகமே உண்டு. நேரே அங்கே போய் அறிவுசார் சொத்துக் கொள்கையின் பிரதியைக் கேளுங்கள். உரிமத்தொகையில் உங்கள் பங்கு எவ்வளவு என்று அதில்தான் இருக்கும். கேட்கக் கூச்சப்பட வேண்டாம், அது உங்கள் உரிமை.

இப்போது செயற்கை நுண்ணறிவு. அந்தப் பெண் பட்டையில் பூசும் வேதிப்பொருளைத் தேர்ந்தெடுக்க ஒரு ஏஐ மாடலைத்தான் பயன்படுத்தியிருக்கிறாள். “அப்போ கண்டுபிடிச்சது நானா, அதுவாண்ணா?” என்று கவலையாகக் கேட்டாள். ஸ்டீஃபன் தேலர் என்பவர் தன் டேபஸ் என்ற இயந்திரத்தைக் கண்டுபிடிப்பாளராகப் போட்டுப் பல நாடுகளில் விண்ணப்பித்தார். 2023 டிசம்பரில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் கண்டுபிடிப்பாளர் மனிதராகத்தான் இருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நம் காப்புரிமை அலுவலகமும் அந்த விண்ணப்பத்துக்கு ஆட்சேபம் எழுப்பியது. ஆக, படிவத்தில் உங்கள் பெயர்தான் வரும். ஆனால் என்ன கேள்வி கேட்டீர்கள், மாடல் சொன்னதில் எதை ஏன் தள்ளினீர்கள், எதைச் செய்து பார்த்தீர்கள் என்று தேதி போட்டு நோட்டில் எழுதி வையுங்கள். உங்கள் மூளை எங்கே வேலை செய்தது என்பதற்கு அதுதான் சாட்சி.

இதில் நான் பெரிதாக நினைக்கும் விஷயம் வேறு. மாடல் அவளுக்கு நாற்பது சேர்மங்களைச் சொன்னது, அவள் கலக்கிப் பூசிப் பார்த்தது மூன்றை. நாற்பதுக்கும் சேர்த்து உரிமை கோர ஆசை வரும். படிப்பவர் அதைச் செய்து பார்க்கும் அளவுக்கு முழுமையாக, தெரிந்ததில் சிறந்த முறையோடு விவரிக்க வேண்டும் என்கிறது 10ஆம் பிரிவு. ஆய்வுக்கூடத்தில் நிற்காத பட்டியல் அலுவலகத்திலும் நிற்காது. அந்த 12 மாதத்தில் இன்னும் பத்தைச் செய்து பாருங்கள்.

நிறத்தை எண்ணாக்கும் அல்காரிதத்துக்கு மட்டும் தனியாகக் காப்புரிமை கிடைக்காது. 3(கே) பிரிவு கணினி நிரலையும் அல்காரிதத்தையும் விலக்குகிறது. தொழில்நுட்ப விளைவு இருந்தால் கணினி சார்ந்த கண்டுபிடிப்பையும் பரிசீலிக்க வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2019இல் ஃபெரித் அல்லானி வழக்கில் சொன்னது. எனவே பட்டை, பூச்சு, கேமரா அளவிடும் முறை மூன்றையும் ஒரே ஏற்பாடாக எழுதுவதுதான் புத்திசாலித்தனம். நிரலுக்குப் பதிப்புரிமை தானாகவே உண்டு.

விவரக்குறிப்பை அப்படியே இலவசச் சாட்பாட்டில் ஒட்டி “நல்லா எழுதிக் கொடு” என்று கேட்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ரகசியம் காப்பதாக ஒப்பந்தம் இல்லாத இடத்தில் ரகசியத்தை ஏன் வைக்கிறீர்கள்? முன்னால் யாராவது இதைச் செய்திருக்கிறார்களா என்று தேட அது உதவட்டும். ஆனால் அது தரும் காப்புரிமை எண் ஒவ்வொன்றையும் அலுவலகத்தின் இலவசத் தேடல் தளமான இன்பாஸில் போட்டுப் பாருங்கள். இல்லாத எண்ணைக் கூசாமல் தந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

சரி, பணம்? உயிரித் தொழில்நுட்பம் சார்ந்த யோசனை என்றால் மத்திய அரசின் பைராக் அமைப்பு தரும் பிக் மானியம் இருக்கிறது: 18 மாதத்துக்கு 50 லட்சம் ரூபாய் வரை. மொத்தமாகக் கையில் தர மாட்டார்கள், ஒவ்வொரு கட்டத்தையும் முடிக்க முடிக்க வரும். வழக்கமாக ஜனவரி 1, ஜூலை 1 தேதிகளில் அழைப்பு வரும். பெங்களூரில் இதைக் கவனிப்பது பல்லாரி சாலை ஜிகேவிகே வளாகத்தில் உள்ள சி-கேம்ப் என்ற மையம். கர்நாடக அரசு ஸ்டார்ட்அப்களுக்கு நடத்தும் எலிவேட் போட்டியிலும் 50 லட்சம் வரை, கம்பெனியில் பங்கு கேட்காமல் தருகிறார்கள். எதற்குப் போனாலும் உரிமை யாருடையது என்ற கேள்வி வரும், அப்போது கையில் ஒரு விண்ணப்ப எண் இருப்பது பெரிய பலம்.

அந்தப் பெண் மறுநாளே பேராசிரியரோடு நிறுவன அலுவலகத்துக்குப் போனாள். ஒன்பது பக்கத்தில் எழுதிய ப்ரொவிஷனல், போஸ்டருக்கு இரண்டு நாள் முன்னால் போய்ச் சேர்ந்தது. நான் போய்ப் பார்த்தபோது போஸ்டருக்குக் கீழே மேஜையில் நாலு டம்ளர் தண்ணீர் வைத்திருந்தாள். அவளுடைய ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் முக்கி எடுத்த பட்டைதான் எல்லாவற்றையும்விட அதிகமாக நிறம் மாறியிருந்தது.