இரண்டு நோட்டிலும் 35, தப்பு மட்டும் வேறு வேறு

சாயங்கால டியூஷனில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் கணக்குச் சொல்லிக்கொடுத்த காலத்தில் நடந்தது இது. 52-ல் 27 போனால் எவ்வளவு என்று போடச் சொல்லியிருந்தேன். பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் நோட்டிலும் 35. விடை 25. பார்த்து எழுதிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். சிவப்பு மையில் இரண்டு பெருக்கல் குறி, கீழே 'கவனம் தேவை' என்று ஒரு வரி, அடுத்த நோட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் 71-ல் 38 போகச் சொன்னபோதுதான் விஷயம் வெளியே வந்தது. பெண் 47 என்று எழுதியிருந்தாள். பையன் 43. விடை 33.

ஒரு பேனாவை எடுத்து நீங்களே போட்டுப் பாருங்கள். சின்ன எண்ணிலிருந்து பெரிய எண் போகாது என்று அந்தப் பெண்ணுக்கு ஒன்றாம் வகுப்பிலேயே சொல்லியிருக்கிறார்கள், அதை அவள் மறக்கவில்லை. அதனால் மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்றெல்லாம் பார்க்காமல், ஒவ்வொரு இடத்திலும் பெரியதிலிருந்து சின்னதைக் கழித்துவிடுகிறாள்: 8-ல் 1 போனால் 7, 7-ல் 3 போனால் 4. ஆக 47. பையன் கதை வேறு. அவனுக்குக் கடன் வாங்கத் தெரியும். பக்கத்து இடத்திலிருந்து ஒரு பத்தை வாங்கி 1-ஐ 11 ஆக்கிக்கொண்டான், 11-ல் 8 போனால் 3. ஆனால் கடன் கொடுத்தவர் கையில் ஒன்று குறைந்திருக்குமே, அதைக் கணக்கில் எழுதவில்லை. 7-ல் 3 போனால் 4. ஆக 43.

இப்போது முந்தைய நாள் கணக்குக்குத் திரும்பிப் போங்கள். பெண் வழியில் ஒன்றாம் இடத்தில் 7-ல் 2 போனால் 5. பையன் வழியில் 12-ல் 7 போனால் அதுவும் 5. இரண்டு பேரும் தனித்தனியாகப் போட்டு, வேறு வேறு தப்பான வழியில் போய், ஒரே 35-க்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். காப்பியடித்தார்கள் என்று நினைத்ததற்கு மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். 'கவனம் தேவை' என்று எழுதியதற்கும்தான், ஏனென்றால் இரண்டு பேருமே நல்ல கவனத்தோடுதான் போட்டிருந்தார்கள். கவனக் குறைவால் வரும் தப்பு ஒருநாள் ஒரு மாதிரி, மறுநாள் வேறு மாதிரி வரும். இது ஒவ்வொரு தடவையும் அச்சடித்தது போல ஒரே மாதிரி வருகிறது. தப்பான விதி ஒன்றைப் பிசகாமல் பின்பற்றுகிறார்கள், அவ்வளவுதான். இன்னொன்று, 64-ல் 21 போன்ற, கடன் வாங்கத் தேவையில்லாத கணக்கென்றால் இருவருக்குமே சரியாக வரும். பத்துக் கணக்கில் ஐந்து அப்படி இருந்தால் இருவருக்கும் பத்துக்கு ஐந்து. அந்த ஐந்தை வைத்துக்கொண்டு மறுநாள் யாருக்கு என்ன சொல்லித்தருவது?

வகுப்பறை மதிப்பீடு பற்றிய மொத்த ஆராய்ச்சியும் இந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது என்பது என் எண்ணம். மார்க் என்பது எவ்வளவு தெரியும் என்று சொல்கிறது. வாத்தியாருக்கு நாளைக் காலையில் வேண்டியது அது இல்லை, எப்படித் தப்பாகத் தெரிந்துவைத்திருக்கிறார்கள் என்பதுதான்.

1978-ல் ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இதைக் கணினி வைத்துத் தோண்டிப் பார்த்தார்கள். நிகராகுவா நாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் போட்ட கழித்தல் கணக்குகளை எடுத்துக்கொண்டு, எந்தத் தப்பான விதியைப் பின்பற்றினால் இந்த விடைகள் அப்படியே வரும் என்று தேடினார்கள். தப்புகளில் பெரும் பகுதி கண்டபடி வந்தவை இல்லை என்று தெரிந்தது. மென்பொருளில் வரும் கோளாறைச் சொல்வது போல இவற்றையும் 'பக்' என்றே அழைத்தார்கள். பூஜ்யம் வரும் இடங்களில் இவை கூட்டம் கூட்டமாக இருந்தன. எனக்குப் பிடித்தது, அவர்கள் 'பக்கி' என்ற பெயரில் செய்த விளையாட்டு. கணினி ஒரு மாணவன் போல நடிக்கும், அதற்குள் ஏதோ ஒரு பக் ஒளிந்திருக்கும். ஆசிரியர் பயிற்சியில் இருப்பவர்கள் அதற்குக் கணக்குகளாகக் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். கண்டுபிடித்துவிட்டேன் என்று சொன்னால் போதாது, அடுத்துக் கொடுக்கும் கணக்குகளுக்கு அந்த 'மாணவன்' என்ன தப்பான விடை எழுதுவான் என்பதைச் சரியாகச் சொல்ல வேண்டும்! நம் ஊர் ஆசிரியர் பயிற்சியில் இப்படி ஒரு வாரம் வைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

அந்த விளையாட்டில் புரியும் முக்கியமான விஷயம், கேள்வியின் தரம். 52 − 27 மோசமான கேள்வி. தப்பு இருக்கிறது என்று மட்டும் காட்டும், எந்தத் தப்பு என்று பிரித்துக் காட்டாது. 71 − 38 பிரித்துக் காட்டும். தசமத்திலும் இதே கதைதான். 0.5, 0.73 இரண்டில் எது பெரியது என்று கேட்டால் வகுப்பே சரியாகச் சொல்லும். ஆனால் அதில் கொஞ்சம் பேர், 5-ஐ விட 73 பெரியது என்பதால் சொல்லியிருப்பார்கள். அவர்களிடமே 0.4, 0.35 கேளுங்கள், 0.35 என்பார்கள். முதல் கேள்விக்குத் தப்பான காரணத்தால் சரியான விடை கிடைத்துவிடுகிறது, நாமும் டிக் போட்டுவிட்டுப் போய்விடுகிறோம். (0.35-ஐ 'பூஜ்யம் புள்ளி முப்பத்தைந்து' என்று நாமே வாய்விட்டுப் படிப்பதும் இதற்குத் தூபம் போடுகிறது. 'மூன்று ஐந்து' என்றுதான் படிக்க வேண்டும்.)

சரி, நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் இதையெல்லாம் எப்படிச் செய்வது? இப்போது நடப்பது என்ன என்பது எல்லோருக்கும் தெரியும். "புரிஞ்சுதா?" "புரிஞ்சுது மிஸ்ஸ்ஸ்!" கோரஸ் முடிந்தது, அடுத்த பாடம். இல்லையென்றால் ஒரு கேள்வி கேட்டு, முதல் பெஞ்சில் எப்போதும் கை தூக்கும் அந்த மூன்று பேரில் ஒருவரிடம் பதில் வாங்குவது. அந்தப் பதில் மற்ற முப்பத்தேழு பேரைப் பற்றி எதுவுமே சொல்லாது. மேரி பட் ரோவ் என்ற ஆய்வாளர் அமெரிக்க வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து கேட்டபோது, கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாகச் சுமார் ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டார். அதற்குள் பதில் வராவிட்டால் இன்னொருவரைக் கேட்பார்கள், அல்லது தாங்களே சொல்லிவிடுவார்கள். அதை 3 நொடிக்கு மேல் நீட்டச் சொன்னதும் பதில்கள் நீளமாயின, வழக்கமாக வாயே திறக்காத பிள்ளைகள் பேச ஆரம்பித்தார்கள். 1970-களில் வந்த கண்டுபிடிப்பு இது. ஒரு பைசா செலவில்லை. ஆனால் வகுப்பில் நின்றுகொண்டு மூன்று நொடி சும்மா இருந்து பாருங்கள், மூன்று நிமிடம் மாதிரி இருக்கும்.

இன்னொரு எளிய கருவி சிலேட்டு. பலகையில் 71 − 38 எழுதிப் போட்டு, எல்லோரும் விடையை எழுதி, சொன்னதும் ஒரே நேரத்தில் தூக்கிக் காட்ட வேண்டும். ஒரு பார்வையில் தெரிந்துவிடும், 33 எத்தனை, 47 எத்தனை, 43 எத்தனை என்று. ஒரு நிமிட வேலை. 47 இரண்டு மூன்று பேர்தான் என்றால் அவர்களைத் தனியே கூப்பிட்டுக்கொள்ளலாம், பாதி வகுப்பு என்றால் பாடத்தையே திரும்ப எடுக்க வேண்டும். இங்கிலாந்தில் பள்ளிகள் இதற்கென்று குட்டி வெள்ளைப் பலகைகளை வாங்கி வைத்திருக்கின்றன. நம்மிடம் பல தலைமுறையாக சிலேட்டு இருந்தது. 'பழசு' என்று சொல்லித் தூக்கிப் போட்டோம்.

இதில் பிள்ளைகளுக்கு வேறொரு லாபமும் உண்டு. 2006-ல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களைச் சில பத்திகளைப் படிக்கவைத்து, ஒரு பகுதியைத் திரும்பப் படிக்கவும் இன்னொரு பகுதியைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதவும் சொன்னார்கள். 5 நிமிடம் கழித்துச் சோதித்தால் திரும்பப் படித்ததுதான் முன்னால் நின்றது: திரும்பப் படித்தது 81 சதவீதம், நினைவிலிருந்து எழுதியது 75. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் தலைகீழ்: திரும்பப் படித்தது 42, நினைவிலிருந்து எழுதியது 56. மண்டையைக் குடைந்து வெளியே எடுப்பதே அதை உள்ளே ஆழமாக உட்காரவைக்கிறது. மார்க் போடாத குட்டிக் குட்டிச் சோதனைகள் கண்காணிப்பு மட்டும் இல்லை, அவையே படிப்பும்கூட.

மார்க் போடாத என்று சொன்னது வாய் தவறி இல்லை. இஸ்ரேலில் ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் 1988-ல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தாம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளில் சிலருக்கு மார்க் மட்டும், சிலருக்குக் குறிப்பு மட்டும், சிலருக்கு மார்க்கும் குறிப்பும் சேர்த்துக் கொடுத்தார். குறிப்பு மட்டும் வாங்கியவர்கள்தான் அடுத்த முறை நன்றாகச் செய்தார்கள். மார்க்கும் குறிப்பும் வாங்கியவர்களுக்கு நியாயப்படி இரட்டை லாபம் வரவேண்டும், வரவில்லை, மார்க் மட்டும் வாங்கியவர்கள் போலவே நின்றுவிட்டார்கள். விடைத்தாளை வாங்கியதும் நாம் என்ன செய்தோம் என்று யோசித்தாலே காரணம் புரிந்துவிடும். மேலே வட்டம் போட்டிருக்கும் எண்ணைப் பார்ப்போம், பக்கத்தில் இருப்பவன் எண்ணைப் பார்ப்போம், தாளை மடித்து உள்ளே வைத்துவிடுவோம். கருத்துச் சொன்னாலே போதும் என்றும் இல்லை. 1996-ல் குளூகர், டெனிசி என்ற இரண்டு ஆய்வாளர்கள் பழைய ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தபோது, மூன்றில் ஒரு பங்குக்கு மேலான இடங்களில் பின்னூட்டம் கொடுத்த பிறகு திறன் குறைந்தே இருந்தது. வேலையைப் பற்றிப் பேசாமல் ஆளைப் பற்றிப் பேசினால் அப்படித்தான் ஆகும். என்னுடைய 'கவனம் தேவை' அந்த ரகம்தான்.

பாடம் நடக்கும்போதே அதைத் திருத்திக்கொள்வதற்கான மதிப்பீடு, முடிந்த பிறகு எடைபோடுவதற்கான மதிப்பீடு என்று இரண்டையும் 1967-ல் பிரித்துப் பெயர் வைத்தவர் மைக்கேல் ஸ்க்ரிவன். 1998-ல் லண்டனில் பால் பிளாக், டிலன் வில்லியம் இருவரும் எழுதிய பிறகு முதலாவது உலகம் முழுக்கப் பரவியது. தமிழில் முதலாவது வளரறி மதிப்பீடு, இரண்டாவது தொகுத்தறி மதிப்பீடு. அழகான சொற்கள். 2012-13-ல் முப்பருவ முறையோடு தமிழ்நாட்டு வகுப்பறைகளுக்கு வந்தன: வளரறிக்கு 40 மார்க், தொகுத்தறிக்கு 60. எனக்கு நெருடுவது அந்த 40 தான். வளரறி மதிப்பீட்டுக்கு மார்க் போட்ட உடனேயே அது தொகுத்தறி ஆகிவிடுகிறது! டியூஷனுக்கு வந்த பிள்ளைகள் சார்ட் அட்டையும் கலர் பேப்பரும் வாங்க ஓடுவார்கள், 'எஃப்ஏ-வுக்கு நாளைக்குக் கடைசி நாள்' என்று (வளரறி மதிப்பீட்டின் ஆங்கிலச் சுருக்கம்தான் எஃப்ஏ). அம்மா வெட்டி ஒட்டுவார், பள்ளியில் நல்ல மார்க் விழும், பதிவேடு நிரம்பும். 71 − 38 அப்படியே 47 ஆக இருக்கும்.

இது என் புலம்பல் மட்டும் இல்லை. கல்வி உரிமைச் சட்டத்தை ஒட்டி நாடு முழுக்க வந்த இந்தத் தொடர் மதிப்பீட்டு முறையை 2012-13-ல் ஹரியானாவின் இரண்டு மாவட்டங்களில் சுமார் 500 அரசுப் பள்ளிகளை வைத்துச் சோதித்தார்கள். குலுக்கல் முறையில் பள்ளிகளைப் பிரித்தார்கள். சிலவற்றுக்குத் தொடர் மதிப்பீட்டுப் பயிற்சியும் கையேடுகளும் பதிவேடுகளும் போயின. சில தொடக்கப் பள்ளிகளில் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பின் முறை: குழந்தைக்கு எழுத்து தெரிகிறதா, சொல் படிக்குமா, பத்தி படிக்குமா என்று வாய்மொழியாகச் சின்னதாகச் சோதிப்பது, பிறகு தினமும் குறிப்பிட்ட நேரத்துக்கு யார் எந்த வகுப்பு என்பதை மறந்துவிட்டு அந்த நிலைப்படி பிள்ளைகளைப் பிரித்து உட்காரவைத்துப் பாடம் நடத்துவது. ஆண்டு முடிவில் தொடர் மதிப்பீட்டுப் பள்ளிகளில் தேர்வு முடிவில் சொல்லும்படியான மாற்றம் எதுவும் இல்லை. நிலைப்படி பிரித்த பள்ளிகளில் ஹிந்தி அடிப்படைத் திறன் உயர்ந்தது, கணக்கில் உயரவில்லை. இரண்டிலும் சோதனை உண்டு. ஒன்றில் முடிவு பதிவேட்டுக்குப் போனது, இன்னொன்றில் மறுநாள் யார் எங்கே உட்காருவது என்பதை மாற்றியது.

2022-ல் தமிழ்நாட்டில் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அவர்கள் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிப்பதும் இந்த யோசனைக்குப் பக்கத்தில் வருவதுதான். பிரித்ததோடு நிற்காமல் அடிக்கடி திரும்பப் பார்த்து இடம் மாற்றிக்கொண்டே இருந்தால் நல்லது, இல்லையென்றால் 'நீ அரும்பு' என்பதும் ஒரு மார்க் ஆகிவிடும்.

அந்த இருவர் கதையை முடித்துவிடுகிறேன். மறுநாள் துடைப்பக் குச்சிகளை ஒடித்துப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டு எடுத்துப் போனேன். ஏழு கட்டு, ஒரு உதிரிக் குச்சி. "இதிலிருந்து எனக்கு முப்பத்தெட்டு குடு" என்றேன். பெண் மூன்று கட்டை எடுத்து வைத்தாள், அப்புறம் அந்த ஒற்றைக் குச்சியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. மூன்று நொடிக்கு மேலேயே ஆகியிருக்கும். மெதுவாக ஒரு கட்டின் ரப்பர் பேண்டைக் கழற்றினாள். பையனுக்கு அந்தச் சிக்கலே இல்லை, எடுத்த எடுப்பில் கட்டைப் பிரித்துவிட்டான். "இப்ப உன்கிட்ட எத்தனை கட்டு இருக்கு?" என்றேன். எண்ணினான், ஆறு. நோட்டைப் பார்த்தான், ஏழு. கேட்காமலே 7-ஐ அடித்துவிட்டு மேலே 6 எழுதினான்.

சரிதான் என்று குச்சிகளை ஓரமாக வைத்துவிட்டு இருவருக்கும் 90 − 46 கொடுத்தேன். பையன் 44. பெண் 50. எப்படிம்மா என்றேன். "பூஜ்யத்துலதான் ஒண்ணுமே இல்லியே சார், அதுலேர்ந்து என்னத்த எடுக்கறது? அதனால பூஜ்யம்." குச்சிக் கட்டுகளை மறுபடி எடுத்து வந்தேன்.