ஸ்ட்ரெஸ்: அழுத்தமா, உளைச்சலா?

வேலை குவிந்தாலும் ஸ்ட்ரெஸ், மேலாளர் முகம் கொடுத்துப் பேசாவிட்டாலும் ஸ்ட்ரெஸ், இரவில் தூக்கம் வராவிட்டாலும் அதேதான். அலுவலகங்களில் இந்த ஒரு சொல் படும் பாடு கொஞ்சமல்ல.

இதன் வேர் லத்தீனில் இருக்கிறது. ‘ஸ்ட்ரிங்கெரே’ என்றால் இறுக்கிக் கட்டுதல். அதிலிருந்து குறுகலைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல் பிறந்து, ஆங்கிலத்துக்குப் போனது. துன்பத்தைக் குறிக்கும் ‘டிஸ்ட்ரெஸ்’ தலை உதிர்ந்து அதனுடன் கலந்துகொண்டது. குறுகலும் துன்பமும் தமிழிலும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன. நெருக்கத்திலிருந்து நெருக்கடி வந்தது. ‘இடுக்கண்’ என்று சொன்னாலே காதில் ‘இடுக்கு’ விழுகிறது.

அப்புறம் இந்தச் சொல் இயற்பியலுக்குள் நுழைந்தது. அங்கே கணக்கு கறாரானது. பாரம் ஏற்றிய பொருளில், ஓரலகு பரப்புக்கு இவ்வளவு விசை என்பது ஸ்ட்ரெஸ். அதனால் வடிவத்தில் ஏற்படும் மாற்றம் ஸ்ட்ரெயின். நம் பாடநூல்களில் முதலாவது தகைவு, இரண்டாவது திரிபு.

மனிதர்களிடம் வந்தபோதுதான் காரணத்துக்கும் விளைவுக்கும் இடையிலான இந்தக் கோடு அழிந்தது. 1936இல் கனடாவின் மான்ட்ரியலில் இருந்த மருத்துவ ஆய்வாளர் ஹான்ஸ் செலியே, எலிகளைக் குளிர், காயம், கடும் உழைப்பு என எதற்கு ஆளாக்கினாலும் உடல் ஒரே மாதிரி எதிர்வினை காட்டுவதாக ‘நேச்சர்’ அறிவியல் இதழில் எழுதினார். பிற்பாடு அந்த எதிர்வினைக்கு ஸ்ட்ரெஸ் என்று பெயர் வைத்தார். ஆங்கிலம் இன்னும் நன்றாகத் தெரிந்திருந்தால் ‘ஸ்ட்ரெயின்’ என்றே வைத்திருப்பேன் என்று அவர் பின்னாளில் சொன்னதாகச் சொல்வார்கள்.

தமிழில் ‘மன அழுத்தம்’ பரவிவிட்டது. சிக்கல் என்னவென்றால், டிப்ரெஷனையும் பலர் அப்படியே எழுதுகிறார்கள். அது மனச்சோர்வு, மருத்துவரைப் பார்க்க வேண்டிய நிலை. என்னைக் கேட்டால், வெளியிலிருந்து ஏறுவதை அழுத்தம் என்றும் உள்ளே நேர்வதை உளைச்சல் என்றும் பிரித்துச் சொல்லலாம். உளைதல் என்றால் வலித்தல். கால் உளைகிறது என்கிறோமே, அதே உளைச்சல்தான் மனத்துக்கும்.

பிரித்தால் பேச்சு மாறும். “ரொம்ப ஸ்ட்ரெஸ்ஸா இருக்கு சார்” என்றால், “சரி, ரெண்டு நாள் லீவு எடுங்க” என்று பதில் வரும். திரும்பி வந்தால் மேசையில் அதே குவியல். “இந்த ரெண்டு வேலையும் வெள்ளிக்கிழமைக்குள்ள முடியாது சார், எதை முதல்ல முடிக்கட்டும்?” என்பது அழுத்தத்தைச் சொல்வது. அதற்கு நாளைக் கூட்டலாம், ஆளைக் கூட்டலாம். “எல்லார் முன்னாடியும் சொன்னது மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு, தனியா சொல்லியிருந்தா திருத்தியிருப்பேன்” என்பது உளைச்சல். இங்கே எத்தனை நாள் கூட்டினாலும் பயனில்லை. மேலாளர் தனியாகக் கூப்பிட்டுப் பேச வேண்டும். சொல்வதற்குக் கொஞ்சம் தைரியம் வேண்டும்தான்.

‘டென்ஷன்’? அது இழுத்து விறைப்பாக்குதலைக் குறிக்கும் வேறு லத்தீன் வேரிலிருந்து வந்தது. கூட்டத்துக்குள் நுழையும்முன் வந்து, முடிந்ததும் போய்விடுவதற்குப் ‘பதற்றம்’ போதும்.