அடி மூலக்கூறு அல்ல, படுகை

போன வாரம் அக்கா மகன் போன் செய்தான். கடல்நீர்த் தொட்டி புதிதாக வைத்திருக்கிறான், பவளம் வளர்க்கும் ஆசை. "மாமா, ரெஃப்யூஜியத்துல அடி மூலக்கூறு அஞ்சு சென்டிமீட்டர் போடணும்னு எழுதியிருக்கு. மூலக்கூறுன்னா மாலிக்யூல்தானே? அதை எப்படி சென்டிமீட்டர்ல அளக்கிறது? ஏதாவது கெமிக்கலா, எங்க கிடைக்கும்?" என்றான். ரெஃப்யூஜியம் என்பது பெரிய தொட்டியோடு இணைந்த சிறு அறை, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். தொட்டியோடு வந்த தமிழ்க் குறிப்புத்தாளைப் பார்த்துக் கேட்கிறான். பிளஸ் டூவில் வேதியியல் படித்துக்கொண்டிருக்கும் பையன், அவன் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. மணல் போடு என்று சொல்ல வேண்டிய இடத்தில் மூலக்கூறு போடு என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

இதைப் பார்ப்பது முதல் தடவை என்றால் விட்டிருப்பேன். காளான் வளர்ப்புக் குறிப்பில் வைக்கோலுக்கு அடி மூலக்கூறு, மாடித்தோட்டத்தில் தேங்காய் நார்க்கழிவுக்கு அடி மூலக்கூறு, பெயிண்ட் அடிக்கச் சொல்லித்தரும் இடத்தில் "அடி மூலக்கூறை உப்புத்தாளால் தேய்க்கவும்". அது சுவர்! சுவரைத் தேய்க்கச் சொல்கிறார்கள்.

இவை எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் இருப்பது சப்ஸ்ட்ரேட் என்ற ஒரே சொல், அது லத்தீனிலிருந்து வந்தது. சப் என்றால் கீழே, ஸ்டெர்னெரே என்றால் விரித்தல், பரப்புதல். கீழே விரித்துக் கிடப்பது, அவ்வளவுதான். பாறை அடுக்கைச் சொல்லும் ஸ்ட்ராட்டமும் தெருவைச் சொல்லும் ஸ்ட்ரீட்டும் இதே வேரில் வந்தவை. இதில் எங்கேயும் மூலக்கூறு கிடையாது.

பிறகு எப்படி நுழைந்தது? என் கணிப்பு இது. உயிர்வேதியியலில் நொதி எந்தப் பொருளின் மேல் வேலை செய்கிறதோ அதையும் சப்ஸ்ட்ரேட் என்பார்கள். எச்சிலில் இருக்கும் அமைலேஸுக்கு மாவுச்சத்து சப்ஸ்ட்ரேட். அங்கே அது மூலக்கூறுதான், அதனால் யாரோ அந்தப் பாடத்துக்காக அடி மூலக்கூறு என்று கட்டியிருக்க வேண்டும், அது அகராதிக் கோப்பில் ஏறி, கோப்பிலிருந்து மொழிபெயர்ப்பு எந்திரத்துக்குப் போய், இப்போது ஆங்கிலத்தில் அந்தச் சொல் தலைகாட்டும் இடமெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு இது விழுகிறது. அந்தப் பாடத்துக்கேகூட இது தேவைப்படவில்லை. தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்தில் தளப்பொருள் என்று இருக்கிறது. இலங்கையில் கீழ்ப்படை என்பார்கள். அது லத்தீனுக்கு மிக நேர்மையான சொல், படை என்றால் அங்கே அடுக்கு, ஓசோன் படை என்பது போல. ஆனால் இங்கே படை என்றதும் காதில் சேனைதான் விழும், அதனால் தமிழ்நாட்டில் அதைத் தொட்டிக்குக் கொண்டுவந்தால் ஒட்டாது.

சரி, தொட்டிக்கு என்ன சொல்வது? அதற்கு முதலில் அந்த இடம் என்னவென்று தெரிய வேண்டும். ரெஃப்யூஜியம் என்பது காட்சித் தொட்டியோடு தண்ணீரால் இணைந்த தனி அறை, பெரும்பாலும் கீழே சம்ப்பு என்கிற துணைத் தொட்டிக்குள் ஒரு கண்ணாடித் தடுப்பு. மீன் உள்ளே வர முடியாது. கீட்டோமார்ஃபா, காலெர்ப்பா போன்ற கடற்பாசிகள் அங்கே வளர்ந்து நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் உறிஞ்சிக்கொள்ளும், பாசியை அவ்வப்போது அறுத்து எடுத்தால் அந்தக் கழிவும் கூடவே வெளியேறிவிடும். கோப்பிபாடு, ஆம்ஃபிபாடு என்கிற, இறாலுக்குத் தூரத்து உறவான பொடி உயிர்கள் தின்னப்படும் பயமில்லாமல் பெருகி, தண்ணீரோடு மேல் தொட்டிக்குப் போய் மீனுக்கும் பவளத்துக்கும் இரையாகும். லத்தீனில் ரெஃப்யூஜியம் என்றால் ஓடிப்போய் ஒளியும் இடம். நான் அடைக்கலத் தொட்டி என்கிறேன். வீட்டு இறவாணத்தில் கூடு கட்டும் சிட்டுக்குருவியை அடைக்கலாங்குருவி என்று சொல்லும் ஊரில் இதற்கு வேறு சொல் தேட வேண்டியதில்லை. சரணாலயம் என்று எழுதுகிறவர்களும் உண்டு, அது வேடந்தாங்கல் அளவு பெரிய சொல், சமையலறை அலமாரிக்குள் நிற்கும் கண்ணாடிப் பெட்டிக்கு அதிகம்.

இந்த அடைக்கலத் தொட்டியின் அடியில் விரிப்பதற்கு என் சொல் படுகை. ஆற்றுப்படுகை, கடற்படுகை என்று எல்லோர் வாயிலும் இருக்கும் சொல். படு என்ற வினையிலிருந்து வந்தது, படிந்து கிடப்பது படுகை. லத்தீன்காரன் விரித்ததைச் சொன்னான், நம் சொல் கிடப்பதைச் சொல்கிறது, கருத்து ஒன்றுதான். காவிரிப் படுகை என்னும்போது அது டெல்டாவைக் குறிக்கும், குழம்பாதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். தொட்டிக்குள் டெல்டா இருக்கும் என்று யாரும் நினைக்கப் போவதில்லை. காளான்காரர்களைப் பாருங்கள், வைக்கோலை அடுக்கி வித்துத் தூவிய உருளையைக் காளான் படுக்கை என்கிறார்கள். யாரும் அவர்களுக்குக் கலைச்சொல் செய்து கொடுக்கவில்லை. அதே படு, அதே வேர்.

அடித்தளம் என்று போடலாமே என்பார்கள். அடித்தளம் என்றால் கட்டடத்தின் அஸ்திவாரம், அல்லது கீழ்த்தளத்தில் வண்டி நிறுத்தும் இடம். தொட்டிக்கே ஒரு அடித்தளம் உண்டு, கீழே இருக்கும் கண்ணாடி. "அடித்தளத்தில் கீறல்" என்று எழுதினால் கண்ணாடியா, மணலா? ஊடகம் என்றும் பார்த்திருக்கிறேன், அதற்குப் பத்திரிகை, டிவி என்று சொந்தக் குடும்பம் இருக்கிறது, அதோடு வடிகட்டியில் போடும் மீடியாவும் ஊடகம் ஆகிவிட்டது. வெறும் மணல் என்று சொன்னால் போதாதா என்பது மட்டும்தான் நியாயமான கேள்வி. கடையில் போய் மணல் என்றுதான் கேட்போம். ஆனால் அடியில் போடுவது எப்போதும் மணலாக இருப்பதில்லை, சேறாக இருக்கலாம், நொறுங்கிய பவளச் சல்லியாக இருக்கலாம், அதற்குத்தான் பொதுச்சொல் வேண்டியிருக்கிறது.

ஒரு சொல் சரியா என்று பார்க்க அதை வேலைக்கு அனுப்பிப் பார்க்க வேண்டும். அக்கா மகனுக்கு நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். கீட்டோமார்ஃபா மட்டும் வளர்ப்பதாக இருந்தால் படுகையே வேண்டாம், அது பாத்திரம் தேய்க்கும் பச்சை நார் போலச் சுருண்டு தண்ணீரில் மிதந்து உருளும் பாசி, எதையும் பிடித்துக்கொள்ளாது. காலெர்ப்பா வேண்டுமென்றால் அது மேலே கொடியாக ஓடிக்கொண்டே கீழே வேர் போன்ற இழைகளை இறக்கி மணலைப் பிடிக்கும், அதற்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் மணல் படுகை போதும். நைட்ரேட் குறைய வேண்டும் என்று நினைத்தால் பத்து சென்டிமீட்டருக்கு மேல் ஆழமான மணல் படுகை, அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் வரை பொடி மணல். அடிப்பகுதிக்கு ஆக்சிஜன் எட்டாது, அங்கே வாழும் பாக்டீரியா நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றும், அது குமிழியாக மேலே வந்து காற்றோடு போய்விடும். கடற்புல்லும் கண்டல் என்கிற அலையாத்திச் செடியும் நட வேண்டுமா, சேற்றுப் படுகை. மூன்று நான்கு மில்லிமீட்டர் பருமனுள்ள சல்லிப் படுகை மட்டும் வேண்டாம் என்றேன், இடைவெளிகளில் கழிவு போய் அடைந்து அழுகி, எந்த நைட்ரேட்டைக் குறைக்க நினைத்தோமோ அதையே உற்பத்தி செய்யும். இப்போது இந்தப் பத்தியில் படுகை வரும் இடமெல்லாம் அடி மூலக்கூறு என்று மாற்றிப் படித்துப் பாருங்கள். ஆழமான மணல் அடி மூலக்கூறு. சேற்று அடி மூலக்கூறு.

மணல் என்றால் எந்த மணல் என்பதையும் சொல்ல வேண்டும். அரகோனைட் என்ற கால்சியம் கார்பனேட் மணல்தான் நல்லது, ஸ்பெயினில் மொலினா டி அரகோன் என்ற ஊரின் பெயரால் வந்த கனிமம். படுகையின் ஆழத்தில் பி.எச். இறங்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, பவளத்துக்கு வேண்டிய கால்சியத்தையும் காரத்தன்மையையும் தண்ணீருக்குக் கொடுக்கும். கையில் அள்ளினால் சீனி மாதிரி இருக்கும், பூதக்கண்ணாடியில் பார்த்தால் உருண்டை உருண்டையாக மீன் சினை போலத் தெரியும். பஹாமாஸ் தீவுகளின் ஆழமில்லாத கடலில் அலை உருட்ட உருட்டச் சுண்ணாம்பு பூசிப் பூசி உருவான மணிகள் அவை. அப்புறம், ராமேஸ்வரம் போகிறபோது கரையில் பவளத் துண்டு பொறுக்கி வந்து படுகையில் போடலாமா என்றும் கேட்டான். கூடாது. கல் பவளங்கள் எல்லாம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை, செத்த துண்டாக இருந்தாலும் சிக்கல்தான்.

மொழிபெயர்ப்பவர்கள் மேல் எனக்குக் கோபம் வருவது அவர்களுக்கு லத்தீன் தெரியவில்லை என்பதால் இல்லை. எழுதுகிற பொருளை ஒரு தடவைகூடப் பார்க்காமல் எழுதுவதால். உயிருள்ள பாக்டீரியாவும் புழுவும் அடங்கிய மணலை ஆங்கிலத்தில் லைவ் சாண்ட் என்கிறார்கள், அதே குறிப்புத்தாளில் அது "நேரடி மணல்". லைவ் ராக் "நேரடிப் பாறை". கிரிக்கெட் ஒளிபரப்பிலிருந்து எடுத்த சொல்லைப் பாறைக்கு மாட்டியிருக்கிறார்கள். உயிர் மணல், உயிர்ப்பாறை என்று எழுத என்ன தடை? மேக்ரோஆல்காவை "மேக்ரோ பாசி" என்று பாதியில் விட்டிருக்கிறார்கள். பாம்பன் பக்கம் பெண்கள் கடலில் இறங்கி எடுத்துவருவதற்குக் கடற்பாசி என்று பெயர் இருக்கிறது, பாசி எடுக்கப் போகிறோம் என்றுதான் சொல்வார்கள். அந்தக் கரையில் கடலடியின் வகைக்கே சொல் உண்டு. பாறையாக இருந்தால் பார், முத்துக்குளித்த காலத்திலிருந்து தூத்துக்குடிக் கடலில் தொலயிரம் பார் என்று பெயர் சொல்லி அழைக்கப்பட்ட இடம் இருக்கிறது. அடியில் கிடப்பது பாறையா மணலா சேறா என்று தெரிந்தால்தான் வலை போட முடியும், அதனால் அவர்களிடம் சொல் துல்லியமாக இருந்தது.

தூய தமிழ் வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. சப்ஸ்ட்ரேட் என்று தமிழ் எழுத்தில் எழுதியிருந்தால்கூட அந்தப் பையன் தேடிப் பார்த்து மணல் என்று கண்டுபிடித்திருப்பான். தமிழ் மாதிரி தெரிகிற தப்பான சொல் அவனைத் தேடவே விடவில்லை, மருந்துக் கடைக்கு அனுப்பப் பார்த்தது. நொதிக்குத் தளப்பொருள் இருக்கட்டும், சுவருக்குப் பரப்பு இருக்கட்டும், ஒரே ஆங்கிலச் சொல் என்பதற்காக எல்லாவற்றுக்கும் ஒரே தமிழ்ச் சொல் வேண்டியதில்லை. தொட்டிக்குப் படுகை. நேற்று அவன் படம் அனுப்பியிருந்தான், பொடி மணலைக் கழுவாமல் கொட்டிவிட்டதால் தண்ணீர் பால் மாதிரி இருக்கிறது. கீழே எழுதியிருந்தான்: "மாமா, படுகை போட்டாச்சு, எப்ப தெளியும்?" இரண்டு நாள் ஆகும், பம்ப்பை மெதுவாக வை என்று பதில் போட்டேன்.