மனம் மாறியவர்களா, போனை எடுக்காதவர்களா?

2012 அக்டோபர் 3ஆம் தேதி இரவு, அமெரிக்க அதிபர் தேர்தலுக்காக டென்வர் நகரில் ஜனநாயகக் கட்சியின் அதிபர் ஒபாமாவும் குடியரசுக் கட்சியின் மிட் ராம்னியும் முதல் விவாதத்துக்கு மேடையேறினார்கள். ஒபாமா அன்று சோர்ந்து தெரிந்தார். அவர் கட்சிக்காரர்களே தலையில் அடித்துக்கொண்டார்கள். அடுத்த சில நாட்களில் பியூ ஆய்வு மையம் எடுத்த கருத்துக்கணிப்பில் ராம்னிக்கு 49 சதவீதம், ஒபாமாவுக்கு 45. செப்டம்பரில் அதே மையம் எடுத்தபோது ஒபாமாவுக்கு 51, ராம்னிக்கு 43. 8 புள்ளி முன்னால் இருந்தவர் 4 புள்ளி பின்னால் போய்விட்டார். ஒன்றரை மணி நேரப் பேச்சு 12 புள்ளிகளைப் புரட்டிப் போட்டதென்றால் நம்பவா முடிகிறது?

நம்பத் தேவையில்லை. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓர் ஊரில் நீலக் கட்சிக்கு 1,000 பேர், சிவப்புக் கட்சிக்கு 1,000 பேர். கணிப்பாளர் எல்லோருக்கும் போன் போடுகிறார். பத்தில் ஒருவர்தான் பேசச் சம்மதிக்கிறார். (இது மிகையில்லை. 2012இல் பியூ மையத்துக்குக் கிடைத்த பதில் விகிதமே 9 சதவீதம்தான்.) ஆக இரு பக்கமும் தலா 100 பதில், சரிக்குச் சரி. மறுநாள் நீலக் கட்சி வேட்பாளர் மேடையில் சொதப்புகிறார். அவர் ஆட்களுக்கு அரசியல் பேசவே பிடிக்கவில்லை. 90 பேர்தான் பேசுகிறார்கள். சிவப்புக் கட்சிக்காரர்களுக்கோ குஷி; 110 பேர் பேசுகிறார்கள். கணிப்பு 45க்கு 55 என்று சொல்லும். ஊரில் ஒருத்தர்கூட மனம் மாறவில்லை. ஆனால் மறுநாள் தொலைக்காட்சியில் ‘அலை’ என்பார்கள்.

இதை நிஜத்தில் பிடித்துக் காட்டியது, எதிர்பாராத இடத்திலிருந்து வந்த தரவு. அந்தத் தேர்தலின் கடைசி 45 நாட்களில் மைக்ரோசாப்டின் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக் கருவி வழியே ஒரு கணிப்பு ஓடியது. சுமார் 3.45 லட்சம் பேர் பங்கேற்றார்கள். அதில் 93 சதவீதம் ஆண்கள், 65 சதவீதம் முப்பது வயதுக்குட்பட்டவர்கள். புள்ளியியல் வகுப்பில் இந்த மாதிரியைக் காட்டினால் ஆசிரியர் சிரிப்பார். ஆனால் இதில் ஒரு வசதி இருந்தது: ஒரே ஆட்கள் திரும்பத் திரும்பப் பதில் சொன்னார்கள், தாங்கள் எந்தக் கட்சி, 2008இல் யாருக்குப் போட்டோம் என்பதையும் சொல்லியிருந்தார்கள். புள்ளியியலாளர் ஆண்ட்ரூ கெல்மன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் வயது, பாலினத்தோடு கட்சிச் சார்பையும் வைத்துக் கணக்கைச் சரிசெய்தபோது, விவாதத்துக்குப் பிந்தைய அந்தச் சரிவில் பெரும்பகுதி காணாமல் போனது. கொஞ்சம் பேர் மாறியது உண்மைதான். மற்றதெல்லாம் யார் வாய் திறந்தார்கள் என்பதில் வந்த வித்தியாசம்.

இதற்கு மேல் இன்னொரு சல்லடையும் உண்டு. அமெரிக்காவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாக்களிக்கவே போவதில்லை என்பதால், ‘நிச்சயம் வாக்களிக்கக்கூடியவர்’ யார் என்று கணிப்பாளர்கள் சலிக்கிறார்கள். கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் இதற்கென ஏழு கேள்விகளை வைத்திருந்தது: தேர்தலைப் பற்றி எவ்வளவு யோசிக்கிறீர்கள், வாக்குச்சாவடி எங்கே என்று தெரியுமா, இந்த ரீதியில். சோர்ந்திருக்கும் கட்சிக்காரர் போனை எடுத்தாலும் இங்கே மதிப்பெண் குறைந்து வெளியே விழுந்துவிடுவார். 2012 அக்டோபர் நடுவில் கேலப் ராம்னியை 7 புள்ளி முன்னால் காட்டியது. ஒபாமா கிட்டத்தட்ட 4 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார்.

கட்சி ஒற்றுமையும் இதே சங்கதிதான். 2008 மார்ச்சில், ஒபாமா வேட்பாளரானால் குடியரசுக் கட்சியின் மெக்கெயினுக்கே ஓட்டு என்று ஜனநாயகக் கட்சிக்குள் அவரோடு மோதிய ஹிலாரி கிளிண்டனின் ஆதரவாளர்களில் 28 சதவீதம் பேர் கேலப்பிடம் சொன்னார்கள். வேட்பாளர் தேர்வுச் சண்டை உச்சத்தில் இருந்த நேரம்; அந்தப் பதில் திட்டம் அல்ல, கோபம். ஜூன் 27ஆம் தேதி இருவரும் நியூ ஹாம்ப்ஷயரில் ‘யூனிட்டி’ என்ற சிற்றூரில் ஒரே மேடையில் நின்றார்கள். ஊர்ப் பெயரே ஒற்றுமை. போதாததற்கு, கட்சி வேட்பாளர் தேர்வில் அந்த ஊரில் இருவரும் வாங்கிய ஓட்டும் தலா 107! நவம்பரில் ஜனநாயகக் கட்சிக்காரர்களில் பத்தில் ஒன்பது பேர் ஒபாமாவுக்கே போட்டார்கள். பங்காளிச் சண்டை எத்தனை இருந்தாலும் எதிர்வீட்டுக்காரன் வந்து நிற்கும்போது கதை வேறு. வேட்பாளரை முறைப்படி அறிவிக்கும் கட்சியின் தேசிய மாநாடு செய்கிற வேலையும், கோபித்துக்கொண்டு போனவர்கள் கௌரவமாகத் திரும்பி வர ஒரு வாசலைத் திறந்துவிடுவதுதான்.

எப்போதும் திரும்புவார்கள் என்றில்லை. 1980 ஜனநாயகக் கட்சி மாநாட்டு மேடையில், வேட்பாளர் தேர்வில் தன்னோடு மோதித் தோற்ற டெட் கென்னடியோடு கைகோத்து உயர்த்திக்காட்டக் காத்திருந்தார் அன்றைய அதிபர் கார்ட்டர். கென்னடி கை குலுக்கிவிட்டு நகர்ந்தார். அந்தத் தேர்தலில் ஜனநாயகக் கட்சிக்காரர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் குடியரசுக் கட்சியின் ரீகனுக்குப் போட்டார். ஆனால் அதற்கு அந்தக் கையைக் காரணம் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. விலைவாசியும் ஈரானில் சிக்கிய பிணைக்கைதிகளும் அதைவிடப் பெரிய காரணங்கள்.

2024 ஆகஸ்டில், பைடன் விலகி கமலா ஹாரிஸ் வந்த பிறகு, வழக்கத்தைவிட உற்சாகமாக இருப்பதாக ஜனநாயகக் கட்சிக்காரர்களில் 78 சதவீதம் பேர் கேலப்பிடம் சொன்னார்கள். குடியரசுக் கட்சியில் 64. ஜெயித்தது டிரம்ப்.

இப்போது பல கணிப்பாளர்கள் ‘போன முறை யாருக்குப் போட்டீர்கள்?’ என்று கேட்டு, அதை வைத்து மாதிரியைச் சமன்செய்கிறார்கள். உற்சாகத்தால் வரும் ஆட்டம் இதில் நன்றாகவே அடங்குகிறது. ஒரே தொல்லை: போன முறை தோற்றவருக்குப் போட்டவர்களில் சிலர், ஜெயித்தவருக்கே போட்டதாகச் சொல்லிவிடுகிறார்கள்.