கோட்டூ எங்கே போகிறது?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கொள்ளுப்பிட்டியில் ஒரு மென்பொருள் கொம்பனியில் சேர்ந்து எட்டு மாதமாம். "அண்ணா, பழைய சி நிரல் ஒன்றை ரஸ்ட் மொழிக்கு மாற்றும் வேலையை எனக்குத் தந்திருக்கிறார்கள். டெர்மினலில் ஒரு கட்டளை கொடுத்தேன், கொஞ்ச நேரத்தில் முழுவதும் மாறி வந்துவிட்டது. ஆனால் சி நிரலில் பதினொரு இடத்தில் கோட்டூ, அதாவது வேறொரு வரிக்குத் தாவச் சொல்லும் கட்டளை, இருந்தது. ரஸ்ட்டில் கோட்டூவே கிடையாதே, அதெல்லாம் எங்கே போனது? அந்த இடங்களில் நீளநீளமான எண்கள் மட்டும் நிற்கின்றன. அவை என்ன?"

தங்கை, இதைவிட நல்ல கேள்வி எனக்குக் கிடைத்து நாளாகிறது. அந்த எண்களுக்குள்தான் நீங்கள் ஓட்டிய கருவியின் மிக அழகான பகுதி ஒளிந்திருக்கிறது.

முதலில், ஏன் மாற்றுகிறார்கள் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சி மொழி 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுகூடத்தில் டெனிஸ் ரிச்சியின் கையில் பிறந்தது. வேகமானது, சிறியது. ஆனால் நினைவகத்தைக் கவனிக்கும் பொறுப்பு முழுவதும் எழுதுகிறவர் தலையில். பத்து அறை உள்ள அணியில் பதினோராவது அறையை வாசிக்கச் சொன்னால் சி தடுக்காது, அங்கே என்ன கிடக்கிறதோ அதைத் தந்துவிடும். 2014இல் வெளிப்பட்ட 'ஹார்ட்ப்ளீட்' என்ற பாதுகாப்பு ஓட்டை அப்படிப்பட்டதுதான். தான் திருத்தும் பாதுகாப்புக் குறைகளில் ஏறத்தாழ 70 வீதம் இந்த வகை நினைவகப் பிழைகள் என்று மைக்ரோசொஃப்ட் 2019இல் சொன்னது. 2015 மே மாதம் முதல் பதிப்பு கண்ட ரஸ்ட், இந்தப் பிழைகளில் பலவற்றை நிரல் ஓடுவதற்கு முன்பே பிடித்துவிடும், அணியின் எல்லை தாண்டி வாசிப்பதை ஓடும்போது நிறுத்திவிடும். அதனால்தான் இந்த இடமாற்றம்.

சரி, கருவி. வாசகி ஓட்டியது 'சி டு ரஸ்ட்' என்ற கட்டளைவரிக் கருவி. காலுவா, இம்யூனன்ட் என்ற இரண்டு அமெரிக்க நிறுவனங்கள், அந்நாட்டுப் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டார்பாவின் பணத்தில் உருவாக்கியது. திறந்த மூலம் என்பதால் யாரும் இறக்கி ஓட்டலாம்.

இந்தக் கருவியை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் புதுக்கடை நீதிமன்றப் பக்கம் இருந்த ஒரு சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஞாபகத்துக்கு வருவார். என் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் சிங்களத்தில் பதியப்பட்டது. அப்பாவின் பெயரில் ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. ஆங்கிலத்தில் எழுதும்போது அதைச் சரிசெய்து தரும்படி கேட்டேன். "தம்பி, மூலத்தில இருக்கிறதைத்தான் நான் எழுதலாம். திருத்த வேணுமெண்டால் பதிவாளரிட்டப் போங்கோ" என்றார். அப்போது கோபம் வந்தது. இப்போது அவர் செய்ததுதான் சரி என்று தெரிகிறது. அவர் ஓர் எழுத்தைத் திருத்தலாம் என்றால், இன்னொரு பத்திரத்தில் எதையும் திருத்தலாம். பிறகு அவருடைய முத்திரைக்கு என்ன மதிப்பு?

சி டு ரஸ்ட்டும் அப்படித்தான். மூலத்தில் பிழை இருந்தால் பிழையோடுதான் கொண்டுவரும். அதனால்தான் வந்த ரஸ்ட் நிரலில் எங்கு பார்த்தாலும் 'அன்சேஃப்' என்ற சொல் தெரியும். "இந்தப் பகுதிக்கு நான் பொறுப்பில்லை, எழுதினவர்தான் பொறுப்பு" என்று கொம்பைலர், அதாவது நிரலை இயந்திர மொழியாக்கும் மென்பொருள், ஒதுங்கி நிற்கும் இடங்கள் அவை. கருவி ஓடி முடிந்தவுடன் நிரல் பாதுகாப்பாகிவிட்டது என்று யாராவது கூட்டத்தில் சொன்னால் நம்பவேண்டாம். மொழி மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அன்சேஃப்களை ஒவ்வொன்றாகக் கழற்றுவது அதற்குப் பிறகு மனிதர் செய்யவேண்டிய வேலை.

கருவி நிரலைத் தானாக வாசிப்பதில்லை. எந்தக் கோப்பு, எந்தத் தெரிவுகளோடு கொம்பைல் ஆகிறது என்று ஜேசன் என்ற வடிவில் எழுதிய ஒரு கோப்பைக் கேட்கும். அதை வைத்து, கிளாங் என்ற கொம்பைலரிடம் வாசிக்கும் வேலையைக் கொடுக்கும். கிளாங் நிரலை ஒரு மரமாகப் பிரித்துத் தரும். பள்ளிக்கூடத்தில் ஒரு வாக்கியத்தை எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்று பிரித்தது போலத்தான். அந்த மரத்தின் ஒவ்வொரு கிளைக்கும் ஈடான ரஸ்ட் துண்டை கருவி எழுதிக்கொண்டு போகும்.

பல கிளைகள் சுலபம். சி மொழியில் குறியற்ற 32 பிட் எண் 4294967295க்கு மேல் ஒன்று கூட்டினால் சுழன்று பூச்சியத்துக்கு வரும். ரஸ்ட்டில் வெறும் கூட்டல் குறியைப் போட்டால் சோதனை ஓட்டத்தில் நிரல் அலறிக்கொண்டு நின்றுவிடும். எனவே கருவி அங்கெல்லாம் 'ராப்பிங் ஆட்' என்று எழுதும். ஒரு மாறியை (மதிப்பு ஒன்றைத் தாங்கும் பெயரை)ப் பயன்படுத்திவிட்டு அதே மூச்சில் ஒன்று கூட்டும் இரட்டைக் கூட்டல் குறி ரஸ்ட்டில் இல்லை. பழைய மதிப்பை ஒரு தற்காலிக மாறியில் எடுத்து வைத்துவிட்டுக் கூட்டும். அந்த மாறிகளுக்கு 'ஃப்ரெஷ்' என்று பெயரிட்டுப் பின்னால் இலக்கம் போடும்.

ஒரு இழப்பை மட்டும் சொல்லியாகவேண்டும். மாக்ரோ எனப்படும் பெயர்களை, மரம் உருவாகும் முன்பே சி தன் மதிப்பால் மாற்றிவிடுகிறது. நிரலின் தலையில் 'வற் வீதம் 18' என்று ஒரு மாக்ரோ இருந்தால், மொழிபெயர்ப்பில் வழக்கமாக 18 மட்டும் நிற்கும். அது பெறுமதி சேர் வரியா, வாக்களிக்கும் வயதா என்று வாசிப்பவருக்குத் தெரியாது. 2024 ஜனவரியில் வற் 15இலிருந்து 18 ஆனபோது, மூல நிரலில் ஒரு வரியை மாற்றினால் போதும். மொழிபெயர்த்த நிரலில் ஒவ்வொரு எண்ணாகத் தேடவேண்டியிருந்திருக்கும். விண்டோஸுக்கு ஒன்று, லினக்ஸுக்கு ஒன்று என்று எழுதிய பகுதிகளிலும் கருவி ஓடிய கணினிக்கு உரியது மட்டும்தான் தப்பும்.

இனி கோட்டூ.

கோட்டூ என்றால் "அந்தப் பெயருள்ள வரிக்குத் தாவு". சி மொழியில் இதற்கு ஒரு நல்ல பயன் உண்டு. ஒரு சார்பு (ஒரு வேலையைச் செய்யும் தனி நிரல் பகுதி) கோப்பைத் திறக்கிறது, பிறகு நினைவகம் கேட்கிறது, பிறகு வலையில் இணைகிறது. மூன்றில் எது தவறினாலும் அடியில் இருக்கும் துப்புரவுப் பகுதிக்குத் தாவி, திறந்ததை மூடி, எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில் இப்படி எழுதிய கோட்டூக்கள் ஏராளம். வாசகியின் பதினொன்றும் அனேகமாக இந்த வகைதான்.

தாவல் இல்லாத மொழியில் இதை எப்படிச் சொல்வது? அரச ஆஸ்பத்திரி வெளிநோயாளர் பிரிவை நினைத்துப் பாருங்கள். அறைக்கு அறை உள்கதவு இல்லை, எல்லா அறையும் ஒரே நடைபாதையில்தான் திறக்கும். டொக்டர் பார்த்துவிட்டு ஒரு சீட்டில் அடுத்த அறை இலக்கத்தை எழுதித் தருவார். நீங்கள் நடைபாதைக்கு வருவீர்கள். ஊழியர் சீட்டைப் பார்த்து எக்ஸ்ரே அறைக்கோ இரத்தப் பரிசோதனைக்கோ அனுப்புவார். அங்கே இன்னொரு சீட்டு, மறுபடி நடைபாதை. உள்கதவே இல்லாமல் எந்த அறையிலிருந்தும் எந்த அறைக்கும் போய்விடலாம்.

நிரலிலும் இதையே செய்யலாம். இடையில் தாவல் இல்லாமல் நேராக ஓடும் சிறு துண்டங்களாக அதை வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டமும் ஓர் அறை. ஒரு மாறிதான் சீட்டு. சுற்றிவர ஒரு பெரிய லூப், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் பகுதி, அதுதான் நடைபாதை. துண்டம் முடியும்போது, அடுத்து எது என்று சீட்டில் எழுதிவிட்டு லூப்பின் தலைக்குத் திரும்பும். தொடர், தெரிவு, மீள்செயல் ஆகிய மூன்றை மட்டும் வைத்து எந்த நிரலையும் கோட்டூ இன்றி எழுதலாம் என்று போம், ஜாகோபினி என்ற இரு இத்தாலியர் 1966இலேயே நிறுவிவிட்டார்கள்.

ஆனால் எல்லாத் தாவலுக்கும் சீட்டு எழுதினால் நிரல் ஆஸ்பத்திரி நடைபாதையாகவே ஆகிவிடும். ஓடும், மனிதர் வாசிக்க முடியாது. எதற்குச் சீட்டு தேவை, எதற்குத் தேவையில்லை என்று பிரித்தறிவதில்தான் கெட்டித்தனம் இருக்கிறது. அதைச் செய்யும் வழிமுறைக்கு ரீலூப்பர் என்று பெயர். அலோன் சகாய் என்பவர் எம்ஸ்கிரிப்டன் என்ற கருவிக்காக உருவாக்கி 2011இல் வெளியிட்டது. அந்தக் கருவி சி நிரல்களை உலாவியில் ஓட ஜாவாஸ்கிரிப்ட் ஆக்கியது. ஜாவாஸ்கிரிப்ட்டிலும் கோட்டூ கிடையாது, அதே தலைவலி.

ரீலூப்பர் முதலில் மூல நிரலின் லூப், இஃப், கோட்டூ எல்லாவற்றையும் ஒரே தரையில் கலைத்துப் போட்டுவிடும். மிஞ்சுவது துண்டங்களும், ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகும் அம்புக்குறிகளும்தான். பிறகு நுழைவாயில் துண்டத்தைக் கையில் எடுத்து ஒரு கேள்வி கேட்கும்: இங்கிருந்து புறப்பட்டுப் போனால், எந்த வழியிலாவது இங்கேயே திரும்பி வரமுடியுமா?

முடியாது என்றால் வேலை சுலபம். அந்தத் துண்டத்தை எழுதிவிட்டு மிச்சத்தை அதற்குக் கீழே எழுதலாம்.

முடியும் என்றால் அது ஒரு லூப். எந்தெந்தத் துண்டங்களிலிருந்து திரும்ப வரமுடியுமோ அவை எல்லாம் லூப்பின் உள்ளே போகும், மற்றவை வெளியே. திரும்பி வரும் அம்பு 'கன்டினியூ' ஆகும். வெளியேறும் அம்பு 'பிரேக்' ஆகும். ரஸ்ட்டில் லூப்புக்குப் பெயர் வைக்கலாம் என்பதால், மூன்று லூப்புக்குள் இருந்துகொண்டு வெளி லூப்பின் பெயரைச் சொல்லி ஒரே பிரேக்கில் வெளியே வந்துவிடலாம். அதற்கும் சீட்டு வேண்டாம். பிறகு லூப்பின் உள்ளே போய், திரும்பிவரும் அம்புகளை நீக்கிவிட்டு, அதே கேள்வியை மறுபடி கேட்கும். ஒவ்வொரு முறையும் கணக்கு கொஞ்சம் சிறிதாகும். ஒரு முடிச்சை அவிழ்த்தால் உள்ளே அதைவிடச் சின்ன முடிச்சு. இதைத் தாளில் வரைந்து அவிழ்த்துப் பார்த்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

இரண்டு மூன்று வாயில்கள் ஒரே நேரத்தில் திறந்து, எது என்று ஓடும்போதுதான் தெரியும் என்ற நிலை வந்தால் மட்டும் சீட்டு எழுதும். தங்கை, உங்கள் நிரலில் நிற்கும் 19, 20 இலக்க எண்கள் இந்தச் சீட்டுகள்தான். மாறியின் பெயர் 'கரண்ட் பிளாக்'. எண், கருவி அந்தத் துண்டத்துக்கு வைத்த அடையாளம். கொஞ்சம் கீழே 'மேட்ச்' என்று ஒரு பகுதி இருக்கும், சீட்டைப் பார்த்து அனுப்பும் ஊழியர் அதுதான். உங்கள் துப்புரவுப் பகுதிகள் அதன் கைகளுக்குள், அதாவது அது பிரித்து அனுப்பும் வழிகளுக்குள், இருக்கும்.

லூப்பின் நடு வயிற்றுக்குள் தாவி நுழையும் நிரல்கள்கூட இதற்கு அடங்கும். 1983இல் டொம் டஃப் என்பவர் ஒரு சுவிட்ச்சின் (மதிப்பைப் பார்த்து வழி பிரிக்கும் பகுதியின்) கைகளை ஒரு லூப்பின் உடம்புக்குள் சிதறவிட்டு எழுதிய நிரல் இன்றும் சி வாசிப்பவர்களைத் தடுமாற வைக்கும். ரீலூப்பருக்கு அதுவும் துண்டங்களும் அம்புகளும்தான். எல்லாக் கருவிகளும் இவ்வளவு தூரம் மெனக்கெடுவதில்லை. சிக் (Zig) என்ற இன்னொரு நிரல்மொழியின் 'டிரான்ஸ்லேட் சி' கட்டளை, கோட்டூ உள்ள சார்பைக் கண்டால் உடம்பை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் அறிவித்துவிட்டுப் போய்விடும்.

இங்கே எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. இந்தக் கருவி சந்தையில் இலாபம் தருவதற்காக எழுதப்பட்டதல்ல. பொதுப் பணம் பல வருடம் பொறுமையாகப் போட்டு வந்தது. 2024இல் டார்பா 'ட்ராக்டர்' என்று இன்னொரு திட்டம் அறிவித்தது. தேர்ந்த ரஸ்ட் நிரலாளர் எழுதுவது போன்ற நிரலைத் தானாகவே வரவழைப்பது அதன் நோக்கம். நம் நாடு ஆராய்ச்சிக்குச் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.2 வீதம்கூட இல்லை. ரீட் மாவத்தையில், கொழும்புப் பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கும் பிள்ளைகளுக்கு மூளை குறைவா? ரீலூப்பர் எழுத ஆய்வுகூட இயந்திரங்கள் வேண்டாம். ஒரு கணினியும், மூன்று வருடம் வீட்டு வாடகைக்கு யோசிக்காத ஓர் ஆளும் போதும். அந்த மூன்று வருடத்தைத்தான் நாம் கொடுப்பதில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். புதிய நிரலைச் சேவைக்கு விடச் சுபநேரம் பார்த்த இடத்தில் நான் வேலை செய்திருக்கிறேன். வாணி விழாவுக்குக் கணினிக்குச் சந்தனப் பொட்டு வைப்பது அன்பு, நானும் வைப்பேன். ஆனால் காலை 9.42க்கு நிரலை ஏற்றினால் பிழை வராது என்று நம்பி, சோதனை எழுத வைத்திருந்த வாரத்தை விட்டுக்கொடுப்பது என்னால் ஏற்கமுடியாதது. "ஓடுகிற நிரலைத் தொடாதே" என்ற பயமும் அதே குடும்பம்தான். மொழிபெயர்ப்பு சரியா என்று அறிய வழி இருக்கிறது. பழைய சி நிரலுக்கும் புதிய ரஸ்ட் நிரலுக்கும் ஒரே உள்ளீட்டைக் கொடுங்கள், விடைகளை ஒப்பிடுங்கள். ஒழுங்கான உள்ளீடு மட்டும் போதாது. வெறுமையான கோப்பு, பாதியில் அறுந்த கோப்பு, எல்லையில் நிற்கும் எண் எல்லாவற்றையும் கொடுங்கள். ஆயிரம் முறை ஓட்டச் சொன்னாலும் கணினி அலுத்துக்கொள்ளாது.

தங்கை, அந்த ஒப்பீடு ஒத்துவந்த பிறகு 'கரண்ட் பிளாக்' என்று தேடுங்கள். பதினொரு கோட்டூவுக்கும் பதினொரு சீட்டு இருக்காது, ஒரே துப்புரவுக்குப் போகும் பலவற்றுக்கு ஒரே எண்தான் இருக்கும். அந்த எண்ணுக்குரிய பகுதியைத் தனிச் சார்பாக எடுத்து எழுதலாம். அதைவிட நல்லது, ரஸ்ட்டில் ஒரு மாறி தன் எல்லையை விட்டுப் போகும்போது தானே தன்னைத் துப்புரவு செய்துகொள்ளும்படி எழுதிவிடுவது. அப்படி எழுதியதும் கோட்டூவுக்கும் வேலை இல்லை, சீட்டுக்கும் வேலை இல்லை. சிறிய சார்பு ஒன்றிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அதே ஒப்பீட்டை மறுபடி ஓட்டுங்கள்.